துரைக்குத் தொலைநோக்கி தேர்ந்தெடுத்த மிளா

ஒரு காட்டில் ஒரு சிறுத்தைக்குக் கண் மங்கியது. அன்று முதல் அந்தக் காட்டில் நல்லாட்சி நடந்தது.

சிறுத்தையின் பெயர் புள்ளித்துரை. பார்வை இருந்த காலத்தில் வாரத்துக்கு இரண்டு மான், பண்டிகை என்றால் மூன்று என்று உண்டு வந்தவர். கண் மங்கிய பிறகு புற்றை மான் என்று நினைத்துப் பாய்ந்தார். வாய் நிறையக் கறையானோடு திரும்பினார். படுத்திருக்கும் பன்றி என்று ஒரு பாறையைக் கவ்வியதில் ஒரு கோரைப்பல் போனது. கடைசியில் நண்டும் ஓணானும் தின்று, "வைத்தியர் மாமிசத்தைக் குறைக்கச் சொல்லியிருக்கிறார்" என்று வெளியே சொல்லிக்கொண்டார். இரண்டு மழைக்காலம் ஓடியது. மந்தையில் ஒரு தலைகூடக் குறையவில்லை.

இதற்குக் காரணம் துரையின் கண் என்று அந்தக் காட்டில் யாரும் சொல்ல முடியாது. காரணம் மேய்வோர் சங்கம். "நமது பதினேழு கோரிக்கைகளின் வீச்சைத் தாங்க மாட்டாமல் ஆளும் சிறுத்தை பின்வாங்கியது" என்று சங்கத்தின் துண்டறிக்கையிலேயே போட்டிருந்தது. எழுதியவன் சங்கத் தலைவன் கிளைக்கொம்பன். மிளா என்று சொல்லப்படும் பெரிய மான் சாதி. வாழ்நாள் முழுவதும் போராடியவன். ஒரு போராட்டத்திலும் வென்றதில்லை. ஒரு போராட்டத்திலும் தோற்றதாக ஒப்புக்கொண்டதும் இல்லை. ஒரு பிடி உப்புக்கு விலைபோனான் என்று எவனும் விரல் நீட்ட முடியாது என்பதுதான் அவன் சேர்த்து வைத்த ஒரே சொத்து.

அப்படியிருக்க, ஒரு நாள் காலையில் துரையின் காரியஸ்தரான கீரிப்பிள்ளை நாவல் மரத்தில் ஓர் அறிவிப்பை ஒட்டிவிட்டுப் போனார். "வேட்டைக்கு உதவும் பொருட்டு, துரை அவர்களுக்குத் தொலைநோக்கி ஒன்று வாங்கப்பட இருக்கிறது."

சங்கம் கூடியது. முதலில் பேசியது செயலாளர் சேந்தி. அவள் பெண்மிளா, கூட்டத்தில் சுருக்கமாகப் பேசும் கெட்ட பழக்கம் உள்ளவள்.

"அண்ணே, அவருக்குக் கண்ணு தெரியலே. அதனாலதான் நாம இங்க உக்காந்து கூட்டம் போடுறோம். தெரிஞ்சா முடிஞ்சது. தொலைநோக்கி வரவே கூடாதுன்னு மறியல் பண்ணுவோம்."

கிளைக்கொம்பன் புன்னகைத்தான். "சேந்தி, கருவியை எதிர்க்கிறது பிற்போக்கு. தேர்ந்தெடுக்கிற குழுவிலே நமக்கு இடம் கேட்கணும். உள்ளே போய் உட்கார்ந்துட்டு, கடையிலேயே மட்டமானதாப் பார்த்து நாம தேர்ந்தெடுத்துக் கொடுப்போம். எப்படி?"

கூட்டம் கொம்பைத் தரையில் தட்டி ஆரவாரித்தது. கொம்பில்லாதவர்கள் குளம்பைத் தட்டினார்கள். "எங்களைக் கேட்காமல் எங்களைப் பார்க்காதே!" என்று முழக்கம் பிறந்தது.

தண்ணீர்த் தடத்தை மறித்து மூன்று நாள் உண்ணாவிரதம். முன்பே தின்றதை அசைபோட்டால் உண்ணாவிரதம் முறியாது என்று பழைய மாநாட்டுத் தீர்மானம் ஒன்று இருந்ததால், மான்கள் மிக உறுதியாக நின்றன. காட்டுப்பன்றிகளுக்கு அசைபோடும் வசதி கிடையாது. இதே காரணத்துக்காகத்தான் அவை முன்பு சங்கத்தை உடைத்துக்கொண்டு போய் 'உண்மையான மேய்வோர் சங்கம்' கண்டிருந்தன. அதன் தலைவன் கோரையன் என்னும் பன்றி. தினமும் வயிறு நிறையக் கிழங்கு தின்றுவிட்டு வந்து, எதிரே நின்று, "இது போலி உண்ணாவிரதம்!" என்று கத்தினான்.

மூன்றாம் நாள் துரை கீரிப்பிள்ளையைக் கூப்பிட்டார்.

"என்னய்யா கேக்கறாங்க? என்னை வேட்டையாடக் கூடாதுங்கறாங்களா?"

"இல்லீங்க துரை. அதைக் கேக்கவே இல்லை. எதை வெச்சுப் பாக்கணும்கிறதை அவங்க தேர்ந்தெடுக்கணுமாம்."

துரை சிரித்த சிரிப்பில் வாயிலிருந்த ஓணான் தப்பித்து ஓடியது. "குழுவிலே இடம் என்னய்யா, குழுவே அவங்களா இருக்கட்டும். கொம்பனையே தலைவராப் போடு."

கோரிக்கை முழுவதுமாக ஏற்கப்பட்டது என்று கீரிப்பிள்ளை வந்து சொன்னபோது கிளைக்கொம்பனுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. வாழ்க்கையில் முதல் வெற்றி. பழக்க தோஷத்தில், "ஏமாற்று வித்தை ஒழிக!" என்று கத்திவிட்டான். பிறகு திருத்திக்கொண்டு, வாழ்க என்றான். ஊர்வலம் விடிய ஆரம்பித்துப் பொழுது சாயும்வரை காட்டைச் சுற்றியது. சில முயல்கள் எதற்கென்று தெரியாமலே ஆடின.

தொலைநோக்கி விற்பவர் பருந்து. கண்ணாடி தேவைப்படாதவர்தான் கண்ணாடி விற்பார் என்பது உலக வழக்கம். சமதளப் பாறையில் சரக்குகளை வரிசையாக நிறுத்திவிட்டு, வாயைத் திறந்தார்.

"வாங்கண்ணே. இது இருபதுல இருந்து அறுபது மடங்கு வரைக்கும் இழுக்கும். முன்கண்ணாடி பாருங்க, விளாங்காய் அகலம். அகலம் இருந்தாத்தான் வெளிச்சம் உள்ளே வரும். விடியக்காலம், அந்தி, அதுதானே வேட்டை நேரம்? உள்ளே ஈரம் புகாது, பனி படியாது. ஸ்டாண்டைப் பாருங்க, காத்தடிச்சா அசையுதா?"

"இதை எடுத்து வையுங்க," என்றான் கிளைக்கொம்பன். "வேறே?"

"வேறேன்னா..." பருந்து சற்றுக் கூச்சத்தோடு ஒரு பளபளப்பான பெட்டியைத் திறந்தார். "இது நூறு மடங்கு. பெட்டி மேலே அப்படித்தான் போட்டிருக்கு. நான் ஒண்ணும் சொல்லலே."

குழாய் நீளமாக, தங்க வளையம் போட்டு, பார்க்க ராஜகம்பீரமாக இருந்தது. முன்கண்ணாடி நெல்லிக்காய் அகலம், அதுவும் பிளாஸ்டிக். கிளைக்கொம்பன் கண்ணை வைத்தான். எதிர் மலை இருந்த இடத்தில் கூழ் தெரிந்தது. சரிசெய்யும் வளையத்தைத் திருகினான். கேப்பைக் கூழ் கம்பங்கூழ் ஆயிற்று. மூச்சு விட்டான்; ஸ்டாண்ட் ஆடி, மலை இரண்டு முறை குதித்தது.

"இதுதான்!" என்றான் அவன். சேந்தி சிரிப்பை அடக்கப் புல்லைக் கவ்விக்கொண்டாள்.

அன்றே அறிக்கை போயிற்று: "மடங்கு எண் மிக அதிகமானது என்பதால் இதையே குழு ஒருமனதாகப் பரிந்துரைக்கிறது." துரை அதில் கண்ணை வைத்தார். கூழ்தான் தெரிந்தது. தமக்குத் தெரியவில்லை என்று எந்தத் துரை சொல்வார்? "பிரமாதம்! ஒவ்வொரு மயிரும் தெரிகிறது!" என்றார். ஒரு சருகுக் குவியலைக் குறிவைத்து இறங்கிப்போய், சருகோடு திரும்பினார்.

பழைய நீதிக்கதையாக இருந்தால் இங்கேயே முடிந்திருக்கும். புத்திமான் பலவான் என்று எழுதிவிட்டு எல்லோரும் சாப்பிடப் போயிருக்கலாம். ஆனால் அந்தக் காட்டில் இரண்டு சங்கங்கள் இருந்தன.

மறுநாள் காலையில் மரத்துக்கு மரம் துண்டறிக்கை. "நூறு மடங்கு ஊழல்! நெல்லிக்காய் லென்ஸுக்கு ராஜ மரியாதையா? ஆடும் ஸ்டாண்டின் பின்னே ஆடும் கை எது? பருந்து கொடுத்த உப்புக்கட்டி எங்கே? பதில் சொல், கொம்பா! இவண், உண்மையான மேய்வோர் சங்கம்."

கிளைக்கொம்பன் அதை ஏழு முறை படித்தான். எட்டாம் முறை படிக்கையில் அவன் தாடை அசைபோடுவதை நிறுத்தியது. உண்மையைச் சொல்லலாம் என்றால் கீரிப்பிள்ளை மரத்தடியிலேயே காதைத் தீட்டிக்கொண்டு படுத்திருந்தார்.

சேந்தி தனியாகப் போய்க் கோரையனைப் பார்த்தாள். அவன் சேற்றில் புரண்டுகொண்டிருந்தான்.

"ஏண்டா கோரையா, அந்தக் குழாயிலே துரைக்கு ஒண்ணும் தெரியலே. உனக்கும் அது நல்லதுதானே?"

"ரொம்ப நல்லதுக்கா," என்றான் கோரையன். "என் குட்டிகளெல்லாம் வெளியிலே விளையாடுது. கொம்பண்ணன் மூளையே மூளை."

"பின்னே ஏண்டா இப்படி எழுதினே?"

"அதுக்காக ஊழலைக் கண்டிக்காம இருக்க முடியுமாக்கா? எனக்கும் ஒரு சங்கம் இருக்கில்லே?"

ஒரு வாரத்துக்குள் காடே கொதித்தது. முயல்கள், கேளையாடுகள், முள்ளம்பன்றிகள் எல்லாம் கைகோத்து ஊர்வலம் போயின. "வேண்டும் வேண்டும், தரமான தொலைநோக்கி வேண்டும்! துரையை ஏமாற்றாதே!" கிளைக்கொம்பனின் சொந்தத் தம்பி மகனே அட்டையைப் பிடித்துக்கொண்டு முன்வரிசையில் போனான்.

"பேசிட்டுப் போகட்டுமே அண்ணே," என்றாள் சேந்தி. "நாம உயிரோட இருக்கோம். இது போதாதா?"

"உயிர் எல்லாப் பேடியும் வெச்சிருக்கான் சேந்தி. பேரு எத்தனை பேருகிட்ட இருக்கு?"

"பேரை வெச்சு மேய முடியாதுண்ணே."

"உனக்குப் புரியாது. நான் எழுதினதைப் படிச்சுத்தான் அந்தப் பன்றியே எழுதக் கத்துக்கிட்டான். எனக்கே 'ஆடும் கை'ன்னு எழுதறான்! நடையைப் பாரு, என் நடை!"

அன்றே அறிவித்தான். பகிரங்க மறுதேர்வு. ஒளிவு மறைவு கிடையாது. எந்தக் கண்ணும் வந்து பார்க்கலாம்.

அதற்குப் பிறகு அவன் செய்த வேலையைப் போல் எந்தக் குழுவும் எந்தக் காலத்திலும் செய்ததில்லை. விடியலிலும் அந்தியிலும் குழாய்க்குக் குழாய் கண்ணை வைத்துப் பார்த்தான். உச்சி வெயிலில் மடங்கைக் கூட்டினால் காற்றின் நெளிவும் சேர்ந்து பெருகுகிறது, அப்போது குறைத்து வைப்பதே மேல் என்று குறித்தான். "கண் வைக்கிற இடம் மேல் பார்த்து வளைஞ்ச மாடலும் இருக்குண்ணே, அதுக்குத்தான் இப்போ கிராக்கி," என்றார் பருந்து. "கூடாது," என்றான் கிளைக்கொம்பன். "துரை பாறை மேலே படுத்துக் கீழே பள்ளத்தைப் பார்க்கிறவர். நேர்க்குழாய்தான் சரி. வயசான கழுத்து, சுளுக்கிக்கொள்ளும்."

விளாங்காய் லென்ஸில் அவன் எதிர்ச்சரிவைப் பார்த்தபோது, அங்கே மேய்ந்துகொண்டிருந்த சேந்தியின் காதில் ஊரும் உண்ணி தெரிந்தது. உண்ணியின் கால்கள் தெரிந்தன. அவனுக்குக் கண்ணீர் வந்துவிட்டது. "இதில் எவன் குறை சொல்லுவான்? எவன் சொல்லுவான்?" என்று பாறையைச் சுற்றிச் சுற்றித் துள்ளினான். பதினோரு பக்க அறிக்கை எழுதினான்.

சோதனை நாளில் பாறையைச் சுற்றிக் காடே திரண்டது. கோரையன் முன்னால் வந்தான்.

"ஒரு சந்தேகம். எதிர்ச்சரிவிலே யாரை நிறுத்திப் பார்க்கப் போறீங்க? உங்க ஆளையே நிறுத்திட்டு, துரைகிட்டே முன்னாடியே அடையாளம் சொல்லி வெச்சிருந்தா?"

"நானே நிற்கிறேன்!" என்றான் கிளைக்கொம்பன். "என் கொம்பில் எத்தனை கிளை, காதில் எத்தனை உண்ணி என்று எனக்கே தெரியாது. துரை எண்ணட்டும். கீரிப்பிள்ளை சரிபார்க்கட்டும். முடிவை நீயே படி. முடிவு படித்து முடிக்கும்வரை நான் இடத்தை விட்டு அசைந்தால் இந்தச் சோதனை செல்லாது. போதுமா?"

"அண்ணே, வேணாம்," என்றாள் சேந்தி.

அவன் பள்ளத்தில் இறங்கி, ஓடையைத் தாண்டி, எதிர்ச்சரிவில் ஏறி, மரம் செடி இல்லாத வெட்டவெளியாகப் பார்த்து நின்றான். வெயில் பாறைக்குப் பின்னாலிருந்து வந்து நேராக அவன் மேல் அடித்தது. அதையும் அவன்தான் தேர்ந்தெடுத்தான்; பார்ப்பவர் கண் கூசக்கூடாது அல்லவா?

துரை படுத்து, குழாயில் கண்ணை வைத்தார்.

"கொம்பு தெரியுது," என்றார் துரை மெதுவாக. "பக்கத்துக்கு மூணு கிளை. ஆறு. வலப்பக்கம் ஒரு நுனி உடைஞ்சிருக்கு. இடது காதிலே ரெண்டு உண்ணி. கழுத்திலே சதை தளர்ந்துபோச்சு. ஆனா தொடை..." துரையின் குரல் தழுதழுத்தது. "ரெண்டு வருஷமாச்சய்யா இப்படி ஒரு தொடையைப் பார்த்து."

கீரிப்பிள்ளை தாமும் குழாயில் கண்ணை வைத்துச் சரிபார்த்து, எல்லாம் சரி என்றார். அந்தக் கைதட்டல் பள்ளத்தைத் தாண்டிக் கிளைக்கொம்பனின் காதில் விழுந்தது. அவன் கழுத்தை இன்னும் நிமிர்த்தினான்.

கோரையன் பாறையில் ஏறி, பதினோரு பக்க அறிக்கையின் கடைசியில் சோதனை முடிவையும் எழுதிச் சேர்த்து, அதைப் பிரித்தான். "சுருக்கிப் படிடா!" என்று சேந்தி கத்தினாள். "அதெப்படிக்கா? ஒரு வரி விட்டாலும் மறைச்சுட்டாங்கன்னு சொல்வாங்க," என்று அவன் முதல் பக்கத்திலிருந்து தொடங்கினான். நான்காம் பக்கத்தில் துரை எழுந்து சோம்பல் முறித்தார். ஐந்தாம் பக்கத்தில் அவர் பாறையில் இல்லை.

சேந்தி தொண்டை கிழிய ஆபத்துக் குரல் கொடுத்தாள். "ஓடுண்ணே! ஓடு!"

அவன் கேட்டான். புதருக்குள் மஞ்சளாக ஏதோ வருவதையும் பார்த்தான். கால்கள் நான்கும் ஓடத்தான் துடித்தன. எதிரே கோரையனின் குரல் ஒன்பதாம் பக்கத்தில் இருந்தது. இப்போது ஓடினால் சோதனை செல்லாது. நாளைக்கு மரத்துக்கு மரம் துண்டறிக்கை வரும்.

"...ஆகவே, தரத்தில் எவ்விதக் குறையும் இல்லை என்றும், குழுத் தலைவரின் நேர்மையில் ஐயமில்லை என்றும், உண்மையான மேய்வோர் சங்கம் ஒப்புக்கொள்கிறது!" என்று கோரையன் படித்து முடித்தான்.

கிளைக்கொம்பன் கண்ணை மூடி, அந்த வாக்கியத்தை ஒரு முறை சுகமாக அசைபோட்டான். கண்ணைத் திறந்தபோது துரை நான்கடி தள்ளி நின்றார்.

"கண்ணாடி எப்படி?" என்று கேட்டான்.

"குறையே சொல்ல முடியாதுங்க, தலைவரே," என்றார் துரை. மனப்பூர்வமாகத்தான் சொன்னார்.

சேந்தி தன் பேச்சைக் கேட்ட பத்துப் பதினைந்து பேரைக் கூட்டிக்கொண்டு அன்றைக்கே ஆற்றைத் தாண்டி வேறு காட்டுக்குப் போய்விட்டாள். மற்றவர்கள் இரங்கல் கூட்டம் நடத்தினார்கள். எல்லோருக்கும் தெரியும்படி மேடான இடத்தில் ஏறி நின்று, கோரையன் உருக்கமாகப் பேசினான். "அப்பழுக்கற்ற தலைவர்!" என்று அவன் தழுதழுத்தபோது, பள்ளத்துக்கு அப்பால் துரை வாயைத் துடைத்துக்கொண்டு, குழாயை அந்தப் பக்கம் திருப்பி, நாற்பது மடங்கில் வைத்து, அவன் தோளின் கொழுப்பைப் பொறுமையாக அளந்துகொண்டிருந்தார்.

நீதி: உயிர் போனால் போகட்டும், கொள்முதலில் குறை சொல்ல இடம் வைக்காதே.