வாய் திறக்காத அரை மணி நேரம்

காபி வந்துவிட்டது. ஆண்டிச்சாமி உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு தம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆனையூரில், மகள் தமிழ்வாணிக்கு மாப்பிள்ளை பார்க்க வந்த வீடு அது. அரசாங்க உத்தியோகம், சொந்த வீடு, விட்டால் கிடைக்காத இடம். சம்மதம் என்றால்தான் கை நனைப்பார்கள். காபியைத் தொடாமல் எழுந்தால் இடம் பிடிக்கவில்லை என்று அர்த்தம்.

அவர் வாய்க்குள்ளோ கற்றாழை ஜெல். ஈறு வீங்கி ரத்தம் வந்ததற்குப் பல் டாக்டர் சுத்தம் செய்துவிட்டு, கூடவே தடவிக்கொள்ளக் கொடுத்தது.

"பஸ்ஸ விட்டு இறங்குனதும் தடவிருங்கப்பா. அரை மணி நேரம் பேசக் கூடாது, குடிக்கக் கூடாது. துப்புனா பல்லு ஆடிரும்" என்று, ஆஸ்பத்திரிக்குக் கூடப் போயிருந்த மகள் சொல்லி அனுப்பியிருந்தாள்.

வீடு தூரம் என்று நினைத்துத் தடவிவிட்டார் மனுஷன். மாப்பிள்ளையின் அப்பா சின்னக்கருப்பன் காரோடு வந்து, இரண்டே நிமிடத்தில் வீட்டில் இறக்கிவிட்டார்.

"எடுத்துக்கங்கண்ணே, ஆறுது" என்றார் சின்னக்கருப்பன்.

ஆண்டிச்சாமி கையை அசைத்துக் கொஞ்சம் பொறுக்கச் சொன்னார்.

"வேணாமா?"

மனைவி ராக்கம்மாள் பதறினாள். ஈறு வியாதியை வெளியே சொல்லக் கூடாது என்று அவளுக்கு உத்தரவு. "அவுக இன்னைக்கு விரதம்ணே" என்று அடித்துவிட்டாள்.

"அப்பப் பாலும் பழமும் கொண்டாரச் சொல்றேன்."

வந்தது. அதையும் அவர் தொடவில்லை. சின்னக்கருப்பன் முகம் சுருங்கியது. ஆண்டிச்சாமி சமாதானமாகச் சிரிக்கப் போக, ஜெல் தாடைக்கு வழிந்தது. சட்டென்று துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"எங்க வீட்டுல எதுவும் நாறுதாண்ணே?"

இல்லை என்று தலையாட்டி, இன்னும் ஐந்தே நிமிடம் என்று கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார். அதைக் காட்டியிருக்கவே கூடாது.

"கிளம்பணும்ங்கிறீக. பிடிக்கலைன்னா வாயைத் திறந்து சொல்லிட்டுப் போகலாம்லண்ணே. வாங்க, பஸ் ஸ்டாப்புல விட்டுட்டு வாரேன்."

அவர்களை இறக்கிவிட்டுக் கார் திரும்பியபோது சரியாக அரை மணி நேரம் முடிந்தது. ராக்கம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள். ஈறு என்னவோ குளுகுளுவென்று சுகமாகத்தான் இருந்தது. வயிறுதான் எரிந்தது. ஆண்டிச்சாமி போனை எடுத்துப் பல் ஆஸ்பத்திரி நர்ஸைப் பிடித்தார்.

"உங்க ஜெல்லால அம்புட்டு நல்ல சம்பந்தம் போச்சும்மா. அதைப் பகல்லதான் தடவணும்னு எந்தச் சட்டத்துல இருக்கு?"

"அது ராத்திரி படுக்கப்போறப்பத் தடவுறதுண்ணே. பகல்ல தடவுனா எம்புட்டு நேரம் காபி குடிக்க முடியாதுன்னு உங்க மகதான் ரெண்டு தடவை கேட்டுட்டுப் போச்சு."