முனீஸ்வரன் சாட்சியாக மோட்டார் ஓட்டுவதை விட்ட விவரம்

அபிஷேகப்பாக்கம்,
தாது வருஷம், பங்குனி மாதம்.

சிரஞ்சீவி மாப்பிள்ளை சிவப்பிரகாசம் அவர்களுக்கு மச்சான் மணவாளன் ஆசீர்வாதம் பண்ணி எழுதிக்கொள்வது. இவ்விடம் நானும் செங்கமலமும் சுகம். மாடு கன்றுகள் சுகம். நீங்கள் போன தடவை லீவில் வந்து வாங்கி என் பொறுப்பில் விட்டுப்போன மோட்டாரும் சுகம். வழக்கமாகக் கடைசி வரியில் மோட்டாரைப் பற்றி எழுதுகிறவன் இந்தத் தடவை முதலிலேயே எழுதிவிட்டானே என்று தாங்கள் பதறக் கூடாது. முன்பக்கத்து விளக்கு ஒன்றுதான். அதுவும் உடையவில்லை, திரும்பிக்கொண்டது. இப்போது வானத்தைப் பார்த்தபடி எரிகிறது. சைகோனில் தாங்களும் தங்கை தனக்கொடியும் நான் இன்னும் முகம் பார்க்காத மருமகப்பிள்ளையும் சௌக்கியமாக இருக்க வில்லியனூர்த் திருக்காமீசரை வேண்டிக்கொள்கிறேன்.

வைகாசியில் குழந்தைக்குக் காது குத்தக் குடும்பத்தோடு கப்பலேறி வருவதாகத் தாங்கள் எழுதிய கடிதம் கிடைத்தது. அதன் அடியில் தனக்கொடி தன் கையால், அண்ணன்தான் மோட்டார் ஓட்டி வந்து எங்களைப் புதுச்சேரிக் கப்பல் பாலத்திலிருந்து கூட்டிப்போக வேண்டும், வேறு ஆளை அனுப்பினால் நான் இறங்கவே மாட்டேன் என்று எழுதியிருந்தாள். கல்யாணமான கையோடு மாட்டு வண்டியில் அழுதுகொண்டே பாலத்துக்குப் போனவள். தாங்கள் மோட்டார் வாங்கியதும், அடுத்த தடவை உன்னை ராணி மாதிரி இதில் கூட்டிவருகிறேன் என்று அவளுக்கு எழுதிப் போட்டவன் நான்தான். அந்த வாக்குதான் இப்போது என்னைத் தூங்கவிடாமல் அடிக்கிறது. ஏனென்றால் இங்கே ஒரு பேச்சு கிளம்பியிருக்கிறது. எனக்குக் கண் தெரியவில்லையாம். வேறு யாராவது கைகால் வைத்து உங்களுக்கு எழுதுவதற்கு முன் நடந்ததை நடந்தபடி நானே எழுதிவிடுகிறேன்.

முதலில் பாகூர் சமாசாரம். கடைத்தெருவில் பக்கீர் முகமது பாய் ஜவுளிக்கடைக்கு முன்னால் ஒரு சிப்பாய் கையை நீட்டி வண்டியை நிறுத்தச் சொன்னார். வெள்ளை உடுப்பு, தலையில் சிவப்புத் தொப்பி. சிப்பாய் கை காட்டினால் அந்த இடத்திலேயே பிரேக்கை மிதிக்க வேண்டும் என்று தாங்கள்தான் எனக்குச் சொல்லிக்கொடுத்தது. மிதித்தேன். அவர் கையை இறக்குவார் என்று பார்த்தேன், இறக்கவில்லை. சர்க்கார் மனிதரை அவசரப்படுத்தக் கூடாதென்று நானும் பேசாமல் உட்கார்ந்திருந்தேன். பின்னால் கரும்பு வண்டிகள் வந்து நின்று, அவற்றுக்குப் பின்னால் இன்னும் வண்டிகள் நின்று, வண்டிக்காரர்கள் எல்லாம் சத்தம் போட ஆரம்பித்தார்கள். சரி, பெர்மி கேட்கிறார் போலிருக்கிறது என்று, மோட்டார் ஓட்ட சர்க்கார் கொடுத்த அந்தப் பெர்மியை மடியிலிருந்து எடுத்து, இறங்கிப் போய், ஒரு சலாம் வைத்து நீட்டினேன். அப்போது காற்றடித்தது. சிப்பாய் அரை வட்டம் சுற்றி எனக்கு முதுகைக் காட்டிவிட்டார். கடைக்குள்ளிருந்து பாய் ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, அது கொம்பில் மாட்டிய மல்லுத் துணி என்றும், மேலே இருப்பது சிவப்புத் துண்டு என்றும் காதோடு சொன்னார். அவர் நல்ல மனிதர், யாரிடமும் சொல்லியிருக்க மாட்டார். கரும்பு வண்டிக்காரர்கள் வழியிலுள்ள ஊரெல்லாம் சொல்லிக்கொண்டே போய்விட்டார்கள். துணியை மனிதன் மாதிரி மாட்டி வைத்தது யார் குற்றம் என்று ஒருவரும் கேட்கவில்லை.

அடுத்தது விளக்கு திரும்பிய கதை. இது உளுந்து பிடுங்குகிற காலம் என்பது தங்களுக்குத் தெரியும். ஓடாவிட்டால் துருப்பிடித்துவிடும், தினம் ஒரு நடையாவது எடுங்கள் என்று தாங்கள் சொல்லிப்போனபடி நான் தினம் காலையில் மோட்டாரை எடுப்பதைப் பார்த்துவிட்டு, நம் ஜனங்கள் உளுந்துச் செடியைக் கொண்டுவந்து ரோட்டில் பரப்ப ஆரம்பித்தார்கள். சக்கரம் ஏறினால் காய் வெடித்து உளுந்து உதிர்ந்துவிடும், மாடு கட்டி மிதிக்க வேண்டியதில்லை. ஊரில் என் பக்கம் பேசுகிறவர்கள் இப்போது இந்த உளுந்துக்காரர்கள் மட்டும்தான். இன்னொரு நடை போய்வரும்படி கையெடுத்துக் கும்பிடுகிறார்கள். அதனால் என்ன ஆயிற்று என்றால், கறுப்பாகப் பரந்திருப்பதெல்லாம் ரோடு என்று என் கண் பழகிவிட்டது. ஏரிக்கரைக்குப் போகிற முடக்கில் ரோடு திரும்பியது, உளுந்து திரும்பவில்லை. யாரோ மிச்சச் செடியைக் களத்துமேடு வரைக்கும் பரப்பியிருந்தார்கள். நானும் உளுந்தோடு நேராகப் போனேன். வைக்கோற்போர் குறுக்கே வந்து தடுத்தது. அது தடுக்காவிட்டால் கிணறு என்கிறார்கள். நான் கிணற்றைப் பார்க்கவில்லை, ஆகையால் அதைப் பற்றி உறுதியாக எழுத முடியாது.

இதற்குப் பிறகு செங்கமலம் என்னை விடவில்லை. புதுச்சேரிக்கு இழுத்துக்கொண்டு போய்க் கண் வைத்தியர் ஒருவர் முன்னால் உட்காரவைத்தாள். அவர் எதிர்ச் சுவரில் ஓர் அட்டையைக் காட்டி, மேலே பெரிதாகவும் கீழே போகப்போகச் சின்னதாகவும் இருக்கிற எழுத்தைப் படிக்கச் சொன்னார். எனக்குப் பிரெஞ்சு தெரியாது என்றேன். மேலே இருக்கும் பெரிய எழுத்து ஒன்றையாவது சொல்லுங்கள் என்றார். பெரிசாக எழுதினாலும் பிரெஞ்சு பிரெஞ்சுதானே ஐயா என்றேன். மனிதர் எழுந்து உள்ளே போனார். தப்பித்தோம் என்று நினைத்தேன். தமிழில் ஓர் அட்டை வைத்திருப்பார் என்று நான் கண்டேனா? அதைக் கொண்டுவந்து மாட்டிவிட்டார். இரண்டு கண்ணிலும் புரையாம். அறுத்து எடுக்கலாமாம், ஆனால் இன்னும் முற்றவில்லையாம், முற்றுகிற வரைக்கும் காத்திருக்க வேண்டுமாம். மோட்டாரைப் பற்றியும் அவர் ஏதோ சொன்னார். அந்த நேரம் பார்த்துத் தெருவில் ஒரே சத்தம், எனக்குச் சரியாகக் காதில் விழவில்லை. செங்கமலத்துக்குக் காது நன்றாகக் கேட்கும்.

உள்ளதைச் சொல்ல வேண்டுமென்றால், கிட்டத்தில் இருப்பது எனக்கு முன்னைவிட நன்றாகத் தெரிகிறது. இந்தக் கடிதத்தை மூக்குக் கண்ணாடி இல்லாமல்தான் எழுதுகிறேன். செங்கமலத்துக்கு ஊசியில் நூல் கோத்துக் கொடுக்கிறவன் நான். தூரத்தில் இருப்பதுதான் கொஞ்சம் கஞ்சித் தண்ணீர் மாதிரி இருக்கிறது. ரோட்டில் வருகிறதெல்லாம் தூரத்திலிருந்து வருவதுதான் தொல்லை.

இதுவரைக்கும் தாங்கள் சிரித்துக்கொண்டே படித்திருக்கலாம். இனிமேல் எழுதுவதைத் தனக்கொடிக்குப் படித்துக் காட்ட வேண்டாம். போன வெள்ளிக்கிழமை மதகு பார்த்துவிட்டுத் திரும்பி வந்துகொண்டிருந்தேன். நடு ரோட்டில் ஒரு பெண்பிள்ளை கூடையோடு நின்றாள். ஆரனை அமுக்கினேன், நகரவில்லை. மறுபடியும் அமுக்கினேன். அவள் கையைத் தூக்கினாளே தவிர நகரவில்லை. எந்த ஊர்க்காரியோ, மோட்டாரைப் பார்த்து மிரண்டு நிற்கிறாள் என்று, 'ஏம்மா, ஒதுங்கிப் போ!' என்று கத்தி, வண்டியை ஒடித்துத் திருப்பினேன். மட்கார்டு கூடையில் பட்டு, கூடை வாய்க்காலில் விழுந்தது. கூடையைத்தான் தட்டியது. நான் நிறுத்தவில்லை. வீட்டுக்கு வந்து கால் கழுவிவிட்டு, செங்கமலம், தண்ணீர் கொண்டா என்று குரல் கொடுத்தேன். பதில் இல்லை. வெகு நேரம் கழித்து அவள் நனைந்த கூடையோடு வாசலில் வந்து நின்றாள்.

'நான்தான்னு தெரியலியா?' என்றாள்.

அவ்வளவுதான் கேட்டாள், மாப்பிள்ளை. திட்டியிருந்தால் திருப்பித் திட்டிச் சமாளித்திருப்பேன். அவள் திட்டவில்லை. என் வண்டியைப் பார்த்ததும் ஏற்றிக்கொள்வேன் என்று சந்தோஷமாகக் கை காட்டி நின்றவள், ஒரு சாண் இந்தப் பக்கம் தள்ளி நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும்? இத்தனை வருஷம் ஒன்றாகக் குடித்தனம் நடத்தியவளையே தெரியவில்லை. நாளைக்கு ஒரு சின்னக் குழந்தை குறுக்கே ஓடினால்? அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. எனக்குப் பயம் வந்துவிட்டது. ஆண்பிள்ளை எழுதக்கூடாததை எழுதுகிறேன், ரொம்பவும் பயம் வந்துவிட்டது.

இனிமேல் ஓட்டுவதில்லை என்று செங்கமலத்திடம் சொன்னேன். வாயால் சொல்வதை நம்பமாட்டேன், கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்யுங்கள் என்றாள். ஊர்க் கோவிலில் செய்தால் ஊர் முழுக்கத் தெரிந்து மானம் போகும். ஆகையால் நம் மேற்குக் கொல்லையைத் தாண்டி, நம் பிரெஞ்சு எல்லை முடிந்து இங்கிலீஷ்காரன் எல்லை ஆரம்பிக்கிற இடத்தில் இருக்கிறாரே முனீஸ்வரன், அவரிடம் போனேன். அவருக்குக் கற்பூரம் கொளுத்தாமல் எந்த வண்டியும் எல்லையைத் தாண்டாது. நான் மோட்டார் ஓட்ட ஆரம்பித்த நாளாக ஒரு தடவைகூடத் தவறியதில்லை. சாட்சிக்கு நம் பண்ணையாள் சாமிக்கண்ணுவை அழைத்துக்கொண்டு போனேன். முனீஸ்வரன் முன்னைவிடக் கொஞ்சம் குள்ளமாகத் தெரிந்தார், அது என் மனக் கலக்கமாக இருக்கலாம். மஞ்சளும் குங்குமமும் மாலையுமாகப் பிரமாதமாக இருந்தார். இனிமேல் மோட்டார்ச் சக்கரத்தைக் கையால் தொடுவதில்லை என்று சொல்லி, கற்பூரத்தைக் கையால் அடித்து அணைத்தேன். கை சுட்டுவிட்டது. கண்ணிலும் கொஞ்சம் தண்ணீர் வந்தது, அது புகையினால்.

ஆகவே மாப்பிள்ளை, நான் ஓட்டிக்கொண்டு பாலத்துக்கு வருவதற்கில்லை. வில்லியனூர் அந்தோணிசாமி என்று ஒரு டிரைவரைப் பேசியிருக்கிறேன். அவன் ஒற்றைக் கையால் ஓட்டுகிறான், மற்றக் கையால் மீசையைத் தடவுகிறான், இருந்தாலும் மாட்டையும் மனிதனையும் பிரித்துப் பார்க்கிறான். நான் பின்சீட்டில் மூட்டை மாதிரி உட்கார்ந்து வருவேன். தனக்கொடிக்குத் தாங்களே பக்குவமாக எடுத்துச் சொல்ல வேண்டியது. அண்ணன் சொன்ன சொல்லைக் காப்பாற்றவில்லை என்று அவள் நினைத்தால் எனக்குத் தாங்காது.

மருமகப்பிள்ளைக்கு என் ஆயிரம் முத்தம். தங்கைக்கு ஆசீர்வாதம். செங்கமலமும் தங்கள் மூவரையும் விசாரித்ததாக எழுதச் சொல்கிறாள். கப்பலில் ஓரமாக நிற்காமல் ஜாக்கிரதையாக வந்து சேரவும்.

இப்படிக்கு,
தங்கள் நலத்தையே கோரும்
மணவாளன்.

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகிற சமயத்தில் சாமிக்கண்ணு வந்து தலையைச் சொறிந்துகொண்டு நின்றான். என்ன என்றேன். 'ஐயா, நீங்க கற்பூரம் அணைச்சது முனி இல்ல. அது எல்லைக்கல்லு. முனி இன்னும் அப்பால, புளியமரத்தாண்ட கீறாரு' என்றான். அப்போதே ஏனடா சொல்லவில்லை என்று கேட்டேன். ரொம்ப நாளாகவே நான் அந்தக் கல்லுக்குத்தான் வண்டியை நிறுத்திக் கற்பூரம் காட்டி வருகிறேனாம். மோட்டார்க்காரரே கும்பிடுகிறாரே, ஏதோ சக்தி இருக்கிறது என்று ஊர்ப் பெண்டுகளும் மஞ்சள் பூசி மாலை போட ஆரம்பித்துவிட்டார்களாம். இத்தனை பேர் கும்பிடுகிற இடத்தில் அவன் மட்டும் என்ன சொல்வதாம். மாட்டு வண்டி கட்டிக்கொண்டு உடனே போனேன். கிட்டத்தில் முகத்தை வைத்துப் பார்த்தேன். மஞ்சளுக்கு அடியில் ஒரு பக்கம் பிரெஞ்சுக்காரன் எழுத்து, மறுபக்கம் இங்கிலீஷ்காரன் எழுத்து. யாரோ பிள்ளை வரம் கேட்டுத் தொட்டில்கூடக் கட்டியிருக்கிறார்கள். அசல் முனீஸ்வரன் ஒரு பூ இல்லாமல் புளிய இலைக்குள் உட்கார்ந்திருந்தார். அவரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன். சத்தியம் ஒன்றும் செய்யவில்லை.

ஆகவே மேலே எழுதிய சத்தியம் செல்லாது. தனக்கொடிக்குக் கொடுத்த வாக்கு செல்லும், அதைக் கல்லுக்குக் கொடுக்கவில்லை. அந்தோணிசாமியை வர வேண்டாமென்று சொல்லிவிட்டேன். நானே ஓட்டி வருகிறேன். பயம் போய்விடவில்லை, ஆகையால் செங்கமலத்திடம் கலந்து ஓர் ஏற்பாடு செய்திருக்கிறேன். அவள் மாட்டு வண்டியில் முன்னால் போவாள், சாமிக்கண்ணு ஓட்டுவான், வண்டிக்குப் பின்னால் பாய் கடைச் சிவப்புத் துண்டு கட்டியிருக்கும், நான் அதைப் பார்த்துக்கொண்டு மாட்டு நடையிலேயே மோட்டாரில் வருவேன். கப்பல் வருவதற்கு முந்தின நாளே புறப்படுகிறோம்.

பாலத்தில் சைகோன்காரர்கள் எல்லோரும் வெள்ளைக் கால்சட்டையும் தொப்பியுமாக இறங்குவார்கள். நான் வேறு யாரையாவது பார்த்துச் சிரித்துக் கும்பிட்டால் தாங்கள் மனத்தில் வைத்துக்கொள்ளக் கூடாது. இறங்கியதும் தனக்கொடியை 'அண்ணா' என்று ஒரு சத்தம் கொடுக்கச் சொல்லவும், நான் அந்தத் திசையில் வந்துவிடுகிறேன். வீட்டுக்குத் திரும்பும்போது குழந்தையை என் மடியில் கொடுத்துவிட வேண்டும். தாய்மாமன் மடி அதற்கு இப்போதே பழகினால்தான் காது குத்தும்போது அழாது. மடியில் பிள்ளையை வைத்துக்கொண்டு நான் எப்படி ஓட்டுவது? தாங்கள்தான் ஓட்ட வேண்டியிருக்கும். நான் வழி முழுக்க அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டு வருவேன். கிட்டத்தில் இருப்பது எனக்கு நன்றாகத் தெரியும் என்று மேலேயே எழுதியிருக்கிறேன்.