அஞ்சு கத்தியும் ஒரு படங்கும்

எங்க வீட்டுல ஒரு பங்கீடு இருக்கு. கத்தி எனக்கு, கத்துறது அனுஷியாவுக்கு. கல்யாணம் கட்டி இருபத்திரெண்டு வருசமாச்சு. இந்தப் பங்கீட்டுல இதுவரைக்கும் ஒரு சண்டையும் வந்ததில்ல.

ஆனா போன மாசம் ஒரு வெள்ளிக்கிழம நான் ஒரு பெரிய முடிவு எடுத்தேன். விடுதல வாங்கிறதுன்னு.

நான் யாருன்னு மொதல்ல சொல்லிர்றேன். பேரு மகேஸ்வரன். எல்கடுவைப் பக்கம் ஒரு தேயிலத் தோட்டத்துல பங்களா குக். சூப்பு, கட்லட், கெரமல் புடிங் எல்லாம் என் கைக்கு அத்துப்படி. பங்களாவுல எல்லாருக்கும் என்மேல மரியாத. அந்த மரியாத பங்களா கேட்டு வரைக்கும் என்கூட வரும். அதுக்கு மேல வராது. தொழிலாளர் லயத்துக்கு வந்து எங்க ஒத்த அறை காம்பரா கதவத் தொறந்தா, "வந்துட்டீங்களா? ரெண்டு கலன் தண்ணி புடிச்சிட்டு வாங்க"ன்னு அனுஷியாவோட குரல் கேக்கும். அவ கொழுந்து எடுக்கிறவ. நாள் பூரா மலையில நின்னுட்டு வந்தவகிட்ட ஏலாதுன்னு சொல்ல எனக்கு வாய் வராது. சொன்னாலும் அவ காதுல ஏறாது. எங்க மக ஹம்சிகா கொழும்புல வேல செய்றதால, வீட்டுல ஏவுறதுக்கு நான் ஒருத்தன்தான் மிச்சம்.

அந்த வெள்ளிக்கிழம நான் வேல முடிஞ்சு வரும்போது, அனுஷியா வாசல் இஸ்தோப்புத் திண்ணையில போனும் கையுமா நின்னா. மூஞ்சியில ஒரு வெளிச்சம்.

"தம்பி கூப்பிட்டான்"னா.

அவ தம்பி நிதுஷன் சீகிரியாவுல ஒரு ஹோட்டல்ல வெயிட்டரா இருக்கான். எனக்கு ஒரு வேல பாத்துச் சொல்லுன்னு அவன நான் ஒரு வருசமா அரிச்சிக்கிட்டு இருக்கேன்.

"என்னவாம்?"

"ஹோட்டல்ல சமையலுக்கு ஆள் வேணுமாம். அடுத்த ஞாயித்துக்கிழம வந்து சமைச்சுக் காட்டணுமாம். புடிச்சுப் போச்சுன்னா அங்கேயே தங்க ரூம், சாப்பாடு எல்லாம் உண்டாம். ரெண்டு வாரத்துக்கு ஒருக்கா வீட்டுக்கு வரலாமாம்."

ரெண்டு வாரத்துக்கு ஒருக்கா! எனக்கு ஒடம்பெல்லாம் புல்லரிச்சிருச்சு. பதினாலு நாளைக்குத் தண்ணிக் கலன் இல்ல. ஏன் லேட்டுன்னு கேக்க ஆளில்ல. மூஞ்சிய மட்டும் தொங்கப் போட்டுக்கிட்டேன்.

"எப்படி புள்ள பிரிஞ்சு இருக்கிறது?"

"பழகிக்கணும். மொத ரெண்டு நாள் கஷ்டமா இருக்கும். அப்புறம் சரியாப் போகும்"னா.

அடேங்கப்பா, இவ்வளவு லேசுல சம்மதிச்சுட்டாளேன்னு எனக்கு ஆச்சரியம்.

"இன்னொண்ணு. சொந்தக் கத்தி, கரண்டி எல்லாம் கொண்டு போகணுமாம்"னுட்டு உள்ள போய்ட்டா.

என்கிட்ட அஞ்சு கத்தி இருக்கு. எறச்சிக் கத்தி, மீன் கத்தி, பாண் ரொட்டி வெட்டுற கத்தி, மரக்கறிக் கத்தி, பழம் சீவுற கத்தி. அஞ்சும் பழைய பேப்பர்ல சுத்தி ஒரு பால்மா டின்னுக்குள்ள கெடக்குது. பெரிய ஹோட்டல் குசினிக்குள்ள பால்மா டின்னத் தூக்கிக்கிட்டு எப்படிப் போறது? செஃப்மாரெல்லாம் எப்படிக் கொண்டு போவாங்கன்னு நான் போன்ல பாத்திருக்கேன். தடிச்ச துணியில வரிசையா பை தச்சு, ஒவ்வொண்ணுலயும் ஒரு கத்தி சொருகி, பாய் மாதிரிச் சுருட்டி, தோள்ல மாட்டிக்கிட்டு வருவாங்க. மேசையில வச்சு ஒரு உருட்டு உருட்டினா, அவ்வளவு கத்தியும் வரிசையா மின்னும். அத பாத்தாலே வேல குடுத்துருவாங்க. நானே ஒண்ணு தைக்கிறதுன்னு தீர்மானிச்சேன்.

துணிக்கு எங்க போறது? சும்மா துணிய என் எறச்சிக் கத்தி ரெண்டு நாள்ல கிழிச்சிரும். காம்பராவ ஒரு சுத்து பாத்தேன். அல்மாரி மேல் தட்டுல அனுஷியாவோட புதுப் படங்கு இருந்துச்சு. கொழுந்து எடுக்கிற பொம்பளைங்க, செடி கீறாம, மழ நனைக்காம இடுப்பச் சுத்திக் கட்டிக்குவாங்களே, அதுதான் படங்கு. மாத்தளை டவுன்ல வாங்கின நீலப் படங்கு. வெளிய றப்பர், உள்ள தடிச்ச துணி, ரெண்டு பக்கமும் நாடா. பழசு கிழியட்டும்னு இன்னும் கட்டாம வச்சிருந்தா.

சனிக்கிழம அவ மலையில நிக்கிற நேரம், பகல் சாப்பாட்டு வேல முடிஞ்சதும் பங்களாவுல இருந்து ஓடி வந்தேன். சாமியக் கும்பிட்டேன். வெட்டினேன்.

வெட்டின பிறகுதான் புத்தி வேல செஞ்சுது. ஞாயித்துக்கிழம வரைக்கும் இவ அல்மாரிய நிமிந்து பாக்கக் கூடாதே! வேல கெடச்சிட்டா அப்புறம் தெரிஞ்சாலும் பரவாயில்ல, நான் சீகிரியாவுல இருப்பேன். அதுக்கு முந்தி தெரிஞ்சா, சீகிரியாவுக்கு நான் முழுசாப் போய்ச் சேர மாட்டேன்.

சாக்கு ஊசியும் நைலோன் நூலுமா இஸ்தோப்புல உக்காந்தேன். நாலு தையல் போட்டிருப்பேன், அனுஷியா மலையில இருந்து வந்து நின்னா.

"என்னங்க இது?"

"கத்தி ரோல் புள்ள. செஃப்மார் வச்சிருக்கிறது."

"துணி ஏது?"

"டவுன்ல றஹீம் நானா குடுத்தாரு. திரீவீலருக்கு சீட்டு தைக்கிறாருல்ல, மிஞ்சின துண்டு."

அவ குனிஞ்சு ரெண்டு வெரலால தடவிப் பாத்தா. எனக்கு ஊசி வெரல்ல ஏறிருச்சு. கத்தக்கூட இல்ல.

"நல்ல துணி. என் புதுப் படங்கு மாதிரியே இருக்கு."

"நீலம்னா எல்லா நீலமும் ஒரே மாதிரித்தான் இருக்கும்."

"இருக்கும், இருக்கும். றஹீம் நானாவுக்கு நல்ல மனசு"ன்னுட்டு அடுப்படிக்குப் போய்ட்டா.

தப்பிச்சேன்டா மகேசுன்னு பெருமூச்சு விட்டேன்.

திங்கக்கிழம அஞ்சு பையும் முடிஞ்சுது. கத்திய எல்லாம் சொருகி, சுருட்டி, செஃப் மாதிரி ஸ்டைலாத் தூக்கினேன். எறச்சிக் கத்தி அடியப் பிச்சுக்கிட்டு எறங்கி, என் பெருவெரலுக்கும் அடுத்த வெரலுக்கும் நடுவுல தரையில குத்தி நின்னுச்சு.

"அடிய ரெட்டையா மடிச்சுத் தைங்க. நுனி குத்துற எடத்துல தோல் வைங்க. உங்க பழைய சப்பாத்துல நாடாவுக்குக் கீழ இருக்கிற தோல் நாக்க வெட்டி வச்சா சரியா இருக்கும்"னா அனுஷியா, சோறு வடிச்சுக்கிட்டே. வச்சேன். சரியா இருந்துச்சு.

செவ்வாக்கிழம இன்னொரு யோசன சொன்னா.

"அகப்பைக்கு ஒரு பை வேணுமே."

"ஏய், செரட்ட அகப்பைய வச்சு கெரமல் புடிங்கா கிண்டப் போறேன்?"

"இருக்கட்டுங்க. ராசியான அகப்ப."

தச்சேன். புதன்கிழம, துணி சுத்தின கைப்பிடியோட அவளோட சின்னக் கத்திய நீட்டினா.

"இதுக்கும் ஒரு பை தைங்க. அங்க போய் இத பாக்கும்போதெல்லாம் வீட்டு ஞாபகம் வரும்."

எனக்குக் கண்ணு கலங்கிருச்சு. இப்படிப்பட்ட பொம்பளகிட்ட இருந்தா விடுதல கேக்குறோம்னு ஒரு நிமிசம் வெக்கமா இருந்துச்சு. ஒரு நிமிசம்தான்.

வெள்ளிக்கிழம டவுனுக்குப் போய்ட்டு வந்தவ, சாமான எறக்கி வச்சுக்கிட்டே, "றஹீம் நானாவப் பாத்தேன். துணி குடுத்ததுக்கு நன்றி சொன்னேன்"னா.

"அவர்... அவர் என்ன சொன்னாரு?"

"சிரிச்சாரு."

சிரிச்சாரா! எதுக்குச் சிரிச்சாரு? எப்படிச் சிரிச்சாரு? கேக்க ஏலுமா? தேத்தண்ணிய எடுத்து மடக்கு மடக்குன்னு குடிச்சேன். சூட்டுல தொண்ட வெந்து போச்சு.

சனிக்கிழம படங்கு நாடாவையே தோள் வாராத் தச்சு முடிச்சேன். அனுஷியா அத தன் தோள்ல மாட்டி, அங்கயும் இங்கயும் நடந்து பாத்தா.

"வாரு நீளம். கொஞ்சம் கட்டையாக்குங்க."

"எனக்குச் சரியாத்தானே இருக்கு?"

"கட்டையா இருந்தாத்தான் அழகு."

கட்டையாக்கினேன். நான் மாட்டினா அக்குள்ல வந்து இடிச்சுது. அழகுன்னா கொஞ்சம் இடிக்கத்தான் செய்யும்னு விட்டுட்டேன்.

ஞாயித்துக்கிழம காலையில அனுஷியா பச்சச் சீல கட்டி, பூ வச்சு ரெடியா நின்னா.

"நீ எங்க?"

"தம்பியப் பாத்து ரெண்டு மாசமாச்சு. ஏன், நான் வரக் கூடாதா?"

கடைசியா ஒரு நாள், வந்துட்டுப் போகட்டுமேன்னு மனசு எளகிருச்சு. மாத்தளையில பஸ் ஏறினோம். நாலந்தா தாண்டினதும் பக்கத்து சீட்டுப் பெரியவர் என் மடியில இருந்த சுருள வெறிச்சுப் பாத்தாரு.

"நாதஸ்வரமா தம்பி? எந்தக் கோயில்ல திருவிழா?"

"சீகிரியாவுல"ன்னேன். வேற என்ன சொல்றது?

தம்புள்ளையில எறங்கி, மரக்கறிச் சந்தைக்கு வந்த கோவா மூட்டைகளுக்கு நடுவுல இடிபட்டு அடுத்த பஸ் புடிச்சு, ஒரு வழியா ஹோட்டலுக்குப் போய்ச் சேந்தோம். நிதுஷன் கேட்டடியில நின்னான். "வா அக்கா, வா அக்கா"ன்னு ஓடி வந்தான். அக்காளத் தாண்டித்தான் என்னப் பாத்தான்.

ஹோட்டலுக்குப் பின்னால ஓல வேஞ்ச ஒரு குசினி. வெறகு அடுப்பு, அம்மி, மண் சட்டி. ஏழெட்டு வெள்ளக்காரங்க ஏப்ரன் கட்டிக்கிட்டு வரிசையா நிக்கிறாங்க. கட்லட்டுக்கு இங்க என்ன வேலன்னு எனக்கு ஒரு சந்தேகம். தல செஃப் ஜிப்ரி வந்தாரு. மாத்தளைக்காரர், நல்ல மனுசன். சுருள மேசையில வச்சு, ஒரே உருட்டு. அஞ்சு கத்தியும் மின்னிச்சு. கூடவே அகப்பையும், அனுஷியாவோட சின்னக் கத்தியும்.

"மாஷா அல்லாஹ்! யார் தச்சது?"

"நான்தான் சேர்!"

"அருமை, அருமை. நீங்க அந்த நெழல்ல உக்காருங்க. நிதுஷன், மச்சானுக்கு எளநி ஒண்ணு குடு. தங்கச்சி, நீங்க தொடங்குங்க."

தங்கச்சி தொடங்கினா. சீல முந்தானைய இழுத்துச் சொருகி, சின்னக் கத்தியையும் அகப்பையையும் நான் தச்ச பையில இருந்து உருவினா. எனக்கு எளநி பொரையேறிச்சு.

"சேர், சமைச்சுக் காட்டணும்னு என்னைத்தானே..."

"இல்ல அண்ணன், எங்களுக்கு பொம்பள ஒராள்தான் வேணும். வெள்ளக்காரங்களுக்கு நம்ம ஊட்டுச் சமையல் சொல்லிக் குடுக்க. ஒங்க மச்சினன்தான் அக்கா நல்லாச் சமைப்பாங்கன்னு சொன்னது. ஒங்களுக்குத் தெரியாதா?"

நான் எழும்பி மேசைக்கிட்ட போனேன். அவ போஞ்சிக்கா வெட்டிக்கிட்டு இருந்தா.

"நீ சொல்லவே இல்லியே!"

"நீங்க கேக்கவே இல்லியே. ஆள் வேணுமாம்னேன். நீங்களே ஆளாகிட்டீங்க."

"அப்ப அந்தப் படங்கு..."

"அன்னைக்கே தெரியும். இனி எனக்குப் படங்கு எதுக்கு? மலைக்கு இனி யாரு போறா?"

"மொதல்லயே சொல்லியிருந்தா நான் ஒனக்குத் தச்சுக் குடுத்திருக்க மாட்டேனா?"

"மாட்டீங்க."

யோசிச்சுப் பாத்தேன். மாட்டேன்தான்.

"பதினெட்டு வயசுல மலையேறினேங்க"ன்னா, கத்திய நிப்பாட்டாம. "முட்டி ரெண்டும் போச்சு. அட்டக் கடி ஆறின நாளில்ல. ஒரு வேலையாவது நிழல்ல செய்ய எனக்கு ஆச இருக்காதா?"

உண்மையச் சொன்னா, எனக்கு மனசு சுட்டுச்சு. திரும்பி நெழலுக்கே போய்ட்டேன்.

அவ சமைச்சா பாருங்க! ஆறடி உசர வெள்ளக்காரன் ஒருத்தன் வெங்காயத்தப் பெருசு பெருசா வெட்டினான். "நோ! ஸ்மால்! ஸ்மால்!"னு அனுஷியா ஒரு அதட்டு. அவன் நடுங்கிப் போய்ப் பொடிப் பொடியா நறுக்கினான். வெங்காயத்துல அழுதானா, இவளுக்குப் பயந்து அழுதானா, தெரியாது. எனக்கு அவன்மேல ஒரு சகோதர பாசமே வந்துருச்சு. பருப்பையும் பால் சொதியையும் வாயில வச்சதும் எல்லாரும் கை தட்டினாங்க. செஃப் ஜிப்ரி அங்கயே சொல்லிட்டாரு, இன்னைக்கே தங்கிறலாம்னு.

நிதுஷன் அவளுக்கு ரூம் காட்டினான். ஃபேனு, கட்டில், கண்ணாடி. குழாயத் திருகினா ரூமுக்குள்ளயே தண்ணி. என் கத்தி ரோல அவ தோள்ல இருந்து எடுத்துக் கொக்கியில மாட்டினா. வாரு அளவு அவளுக்கு அச்சொட்டா இருந்துச்சு.

"கத்தி அஞ்சும் என்னோடது புள்ள."

"ரெண்டு வாரத்துல கொண்டு வந்து காட்டுறேன்."

அப்பதான் என் மூளையில ஒரு வெளிச்சம் அடிச்சுது. யாரு எங்க தங்கினா என்ன? பிரிவு பிரிவுதானே! அவ இங்க, நான் அங்க. பதினாலு நாள், காம்பராவுல நான் மட்டும் தனி ராசா! சிரிப்ப அடக்கிக்கிட்டு, மூஞ்சியத் தொங்கப் போட்டு, "நான் எப்படியாச்சும் சமாளிச்சுக்கிறேன். நீ ஒடம்பப் பாத்துக்க"ன்னேன். அவளும் கண்ணத் தொடச்சுக்கிட்டா.

திரும்பி வர்ற பஸ்ஸுல நாலந்தா வரைக்கும் நான் பாட்டுப் பாடிக்கிட்டே வந்தேன். எல்கடுவையில எறங்கி, லயத்து மேட்டுல சீட்டி அடிச்சுக்கிட்டே ஏறினேன்.

காம்பரா கதவு தொறந்து கெடந்துச்சு. இஸ்தோப்புல ரெண்டு பெட்டி. பெட்டிக்குப் பக்கத்துல இடுப்புல கை வச்சுக்கிட்டு என் மாமியார் அழகம்மா.

"மூணு மாசத்துக்கு ஒங்களப் பாத்துக்கச் சொல்லி அனுஷியா போன வாரமே கூப்பிட்டா மாப்பிள. ஏன் இவ்வளவு லேட்டு?"