இரண்டாம் மாடியில் ஒரு வண்டி

மூன்று சக்கரப் பார வண்டியை மின்சார இசைக்கூடமாக மாற்றுவது குற்றம் என்று எந்தச் சட்டத்திலும் எழுதியிருக்கவில்லை. குற்றமல்ல என்றும் எழுதியிருக்கவில்லை. ஓர் அலுவலகத்துக்கு இது போதாதா?

வண்டிக்காரரை எல்லோரும் பீரோ என்றுதான் கூப்பிடுவார்கள். இருபத்திரண்டு வருடம் அந்த வண்டியில் சிமெண்ட் மூட்டையும் இரும்புக் கட்டிலும் ஏற்றி மிதித்தவர். எவ்வளவு பெரிய மர பீரோவாக இருந்தாலும் கழற்றி, முதுகில் சுமந்து, மூன்றாம் மாடியில் மறுபடி பூட்டி, கதவைச் சத்தமில்லாமல் திறந்து காட்டுவார். அப்படி வந்த பெயர்.

போன வருடம் வலது முழங்கால் மக்கர் பண்ண ஆரம்பித்தது. டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "இன்னும் ஆறு மாசம் இப்படியே மிதிச்சீங்கன்னா அப்புறம் நடக்கறதே கஷ்டம்" என்று சொல்லிவிட்டார்.

ஊரில் அப்போது மன அமைதி மோஸ்தர். முன்பெல்லாம் கண்ணை மூடிச் சும்மா உட்கார்ந்திருப்பவனைத் தண்டச்சோறு என்றார்கள். இப்போது அதற்கே வகுப்பு நடத்தி, கடைசி நாளில் சான்றிதழும் கொடுத்தார்கள். இதையெல்லாம் பார்த்துவிட்டுத்தான் பீரோவின் மனைவி யோசனை சொன்னாள். அவள் தையல்காரி.

"வண்டி மேல ஒரு பெட்டி கட்டுங்க. உள்ள ஒருத்தர் உக்காந்து அஞ்சு நிமிஷம் பாட்டு கேக்கட்டும். மிதிக்கிற வேலையை மோட்டார் பாத்துக்கும்."

அவளுடைய தம்பி மெக்கானிக். பின்சக்கரத்தில் மோட்டார் வைத்து, பலகைக்கு அடியில் பேட்டரியைப் பொருத்தினான். வண்டியின் இரும்புச் சட்டத்தின் மேல் பீரோ ஆள் உயரப் பெட்டி எழுப்பினார். வெளிச்சத்தம் உள்ளே வராதபடி மனைவி நாலு பக்கமும் பஞ்சு மெத்தை தைத்தாள். உள்ளே ஒரு சாய்வு நாற்காலி, ஒரு ஹெட்போன். வேலை முடிந்ததும் பெடல் இருந்த இடத்தைத் தடவிப் பார்த்தார் பீரோ. பெடல் இல்லை. அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

அனுமதி வாங்காமல் தொழிலில் இறங்கப் பயந்து, மனைவியையும் கூட்டிக்கொண்டு வண்டியோடு நேராக நகர அலுவலகத்துக்குப் போனார். வாகனப் பிரிவில் வண்டியை ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, "பாட்டுன்னா ஒலிக் கட்டுப்பாட்டுப் பிரிவு. ரெண்டாவது மாடி" என்றார்கள்.

ஒலி ஆய்வாளர் விண்ணப்பத்தை மூன்று முறை படித்தார்.

"வண்டி எங்க?"

"கீழ வாசல்ல நிக்குதுங்க சார்."

"'ஆய்வுக்குரிய பொருள் அலுவலர் முன்னிலையில் ஆஜர்படுத்தப்பட வேண்டும்.' இது விதி. நான் எங்க இருக்கேன்?"

"ரெண்டாவது மாடியில இருக்கீங்க."

"அப்புறம் என்ன?"

"ஒரு நிமிஷம் கீழ வந்தீங்கன்னா..."

"நான் கீழ வந்தா, வண்டி முன்னால நான் ஆஜரான மாதிரி ஆயிடுமேய்யா!"

வேறு யாராக இருந்தாலும் தலையில் அடித்துக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பார்கள். பீரோ படிக்கட்டின் அகலத்தைப் பார்த்தார். திருப்பத்தைப் பார்த்தார். தொழில் புத்தி யாரை விட்டது? ஏழு நடையில் பெட்டியையும் சட்டத்தையும் பேட்டரியையும் மேலே சேர்த்துப் பூட்டிவிட்டார். நடைவழியில் வாகனங்களுக்கு அனுமதியில்லை என்று பலகை இருந்ததால், சக்கரங்களையும் மோட்டாரையும் மட்டும் கீழே மனைவியிடம் விட்டிருந்தார். சக்கரம் இல்லாவிட்டால் அது வாகனம் இல்லையே!

ஆய்வாளர் ஒலிமானியைப் பெட்டியின் அருகில் வைத்தார். முள் அசையவில்லை.

"சத்தமே இல்லையே?"

"உள்ள உக்காந்து ஹெட்போன் மாட்டினாத்தான் சார் கேக்கும்."

"சத்தம் எவ்வளவுன்னு எழுதாம படிவம் நிறையாது."

"அப்ப சத்தமா வைக்கட்டுங்களா?"

"சத்தமா வெச்சா அனுமதி கிடையாது."

வேறு வழியின்றி, கடமையின் பொருட்டு, ஆய்வாளரே உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். ஐந்து நிமிடம் என்று போனவர் நாற்பது நிமிடம் கழித்து வந்தார். முகம் குளித்துவிட்டு வந்தது போல இருந்தது. "ஆய்வு நாளைக்கும் தொடரும்" என்றார்.

மறுநாள் கண்காணிப்பாளர் ஆய்வு செய்தார். அடுத்த நாள் தட்டச்சர், அதற்கடுத்து பிரிவு முழுவதும். கோப்புகள் நின்றுபோயின. முன்பும் நின்றுதான் இருந்தன. இப்போது யார் முகத்திலும் அதைப் பற்றிய சங்கடம் இல்லை.

ஒன்பதாம் நாள் கட்டடப் பிரிவு அதிகாரி டேப்புடன் வந்து பெட்டியை அளந்தார். ஆள் வைத்துக் கதவில் '214-அ' என்று பெயின்ட் அடித்தார்.

"சார், இது என் வண்டி" என்றார் பீரோ.

"சக்கரம் எங்க?"

"கீழ இருக்குங்க."

"நாலு சுவர் இருக்கு. கதவு இருக்கு. உள்ள எப்பவும் ஓர் அலுவலர் கண்ணை மூடி உக்காந்திருக்கார். இது அறை இல்லாம வேற என்ன?"

"நான் கழட்டி எடுத்துட்டுப் போயிடறேன் சார். ரெண்டு மணி நேர வேலை."

"அலுவலக அறையை இடிக்க இடிப்பு அனுமதி வேணும். அந்த அறையோட பொறுப்பு அலுவலர் கையெழுத்துப் போடணும்."

"அவர் யாருங்க?"

"இன்னும் நியமிக்கலை."

இதற்குள் விஷயம் ஆணையர் காதுக்குப் போனது. அவரும் உள்ளே உட்கார்ந்து பார்த்தார். மறுநாளே சுற்றறிக்கை வந்தது: 'பொதுமக்களின் மன நலனில் கொண்ட ஆழ்ந்த அக்கறையின் பேரில், குறை தெரிவிக்க வரும் ஒவ்வொருவரும் முதற்கண் அறை எண் 214-அவில் ஐந்து நிமிடம் அமைதியடைந்து, அமைதிச் சீட்டுப் பெற்ற பின்னரே குறை தெரிவிக்க அனுமதிக்கப்படுவர்.'

அந்த மாதம் வந்த குறைகள் மொத்தம் மூன்று. அதில் இரண்டு, பாட்டை மாற்றச் சொல்லி. நாட்டிலேயே குறையில்லாத ஊர் என்று கேடயம் கொடுத்தார்கள். குழாயில் தண்ணீர் வராத தெருக்காரர்களும் போய்க் கை தட்டிவிட்டு வந்தார்கள்.

பீரோவுக்குக் கை தட்ட நேரமில்லை. வயிறு கேட்குமா? வாடகைக்கு ஒரு பார வண்டி எடுத்து மறுபடி மிதித்துக்கொண்டிருந்தார். முழங்கால் பன் போல வீங்கியிருந்தது. ஆள் இல்லாத பொருள் ஏலத்துக்குப் போய்விடும் என்று காவலாளி சொன்னதால், மனைவி தினமும் மாடிப்படிக்குக் கீழே சக்கரங்களுக்கும் மோட்டாருக்கும் பக்கத்தில் உட்கார்ந்து பொத்தான் தைத்தாள். ஒருநாள் அவர் நொண்டிக்கொண்டே வந்ததைப் பார்த்ததும் அவளுக்குப் பொறுக்கவில்லை.

"நீங்க கட்டின பெட்டி. நான் தைச்ச மெத்தை. இன்னிக்கு ரெண்டுல ஒண்ணு பாத்துட்டு வாங்க. கேக்காம வந்தீங்கன்னா என் முகத்துல முழிக்காதீங்க."

பீரோ ஒவ்வொரு படியாக ஏறும்போதும் சொல்ல வேண்டியதை மனப்பாடம் செய்தார். 'என் காலு போகுது சார். என் வண்டியைக் குடுங்க.' குறை கேட்கும் எழுத்தர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "அமைதிச் சீட்டு?" என்றார். டோக்கன் வாங்கி வரிசையில் நின்று, தன் பெட்டிக்குள் தானே போய் உட்கார்ந்தார். அவர் பொறுக்கி எடுத்த நாற்காலி. அவரே பதிந்து வைத்த பாட்டு. வெளியே இருந்த உலகம் மெத்தைக்கு அந்தப்பக்கம் நின்றுவிட்டது. காலை மெல்ல நீட்டினார். வலி எங்கோ போய்விட்டது.

சீட்டோடு வந்தவரிடம் எழுத்தர், "சொல்லுங்க, என்ன குறை?" என்றார்.

பீரோ நெடுநேரம் யோசித்தார். "நாற்காலியைக் கொஞ்சம் பின்னால தள்ளிப் போட்டா, காலை இன்னும் நல்லா நீட்டலாம் சார்."

"நல்ல யோசனை. எழுதிக்கறேன்."

கீழே மனைவி எழுந்து நின்றாள். "என்ன சொன்னாங்க?"

"நாற்காலியைத் தள்ளிப் போடறாங்களாம்."

அவள் அவரை மேலும் கீழும் பார்த்தாள். "உங்களைப் போய் அனுப்பினேன் பாருங்க, என்னைச் சொல்லணும்! தள்ளுங்க. நான் கேக்கற கேள்வியில அந்த ஆபீஸே ஆடிப்போகும்." சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு தடதடவென்று மாடியேறினாள். அவள் போன வேகத்தைப் பார்த்து, பெட்டியை எத்தனை நடையில் இறக்கலாம் என்று பீரோ கணக்குப் போட்டு வைத்தார்.

ஒரு மணி நேரம் கழித்து, ஒவ்வொரு படியாக, நிதானமாக இறங்கி வந்தாள்.

"என்னாச்சு? குடுத்துட்டாங்களா?"

"உள்ள மெத்தையில ஒரு ஓரம் பிரிஞ்சிருக்குங்க" என்றாள் சாந்தமாக. "நாளைக்கு ஊசி நூல் கொண்டுவந்து தைச்சுத் தரேன்னு சொல்லிட்டு வந்தேன்."

இனிமேல் சக்கரங்களுக்குக் காவல் இருக்க நேரமில்லை என்றும் சொன்னாள். பீரோ மூன்று சக்கரங்களையும் மோட்டாரையும் வாடகை வண்டியில் ஏற்றினார். மனைவியும் ஏறி, மோட்டார் உருளாதபடி அதைப் பிடித்துக்கொண்டாள். பீரோ பெடலில் காலை வைத்து, எழும்பி நின்று மிதிக்கத் தொடங்கினார்.