கொடைத் தொட்டியும் மாதிரி வலையும்

நெருப்பைக் கண்டுபிடித்தவனுக்கும் சக்கரத்தைக் கண்டுபிடித்தவனுக்கும் செயற்குழு இருந்ததில்லை. அதனால்தான் அவர்களால் அவ்வளவுதான் முடிந்தது. கொடைத் தொட்டியைக் கண்டுபிடிக்க ஒரு செயற்குழுவே தேவைப்பட்டது. எங்கள் சபையின் 'கடல்கடந்த மலேரியா தடுப்பு நிதிச் செயற்குழு'தான் அது. நான் அதன் செயலாளர். வார நாட்களில் ஆயுள் காப்பீடு விற்கிறேன், ஞாயிற்றுக்கிழமைகளில் உலகத்தைக் காக்கிறேன். இரண்டிலுமே என்னைக் கண்டால் ஆட்கள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு போகிறார்கள்.

கடலுக்கு அப்பால் ஒரு நாட்டில் குழந்தைகள் மலேரியாவால் சாகிறார்கள் என்று போதகர் ஒரு ஞாயிறு பேசினார். அவர் பேசினால் கல்லும் கரையும். நான் கரைந்து மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தபோது என் மனைவி பக்கத்தில் சாய்ந்து, "அழுதது போதும், பர்ஸைத் தொறங்க" என்றாள். கொசுவலை வாங்கி அனுப்புவதென்று அன்றைக்கே முடிவாயிற்று.

நிதி திரட்டும் வழியைப் பொருளாளர் சொன்னார். அவர் குழாய், தண்ணீர்த் தொட்டி வியாபாரி. 'நவீன நன்கொடை' பற்றிய ஒருநாள் பயிலரங்குக்குப் போய் வந்ததிலிருந்து அவர் தரையில் நடப்பதில்லை. உண்டியல் காலமெல்லாம் மலையேறிவிட்டதாம். ஜனங்களுக்கு இப்போது வேண்டியது 'அனுபவம்'. காசு தகரத்தில் விழுந்தால் சத்தம், தண்ணீரில் விழுந்தால் சங்கீதம். ஆகவே தன் கடையிலிருந்து ஒரு பெரிய தொட்டியை இலவசமாகக் கொண்டுவந்து, சபைக் கூடத்தின் வாசலில் வைத்து, நிறையத் தண்ணீர் ஊற்றினார். தொட்டியின் மேல் கடையின் பெயர் கொட்டை எழுத்தில் இருந்தது. கர்த்தருடைய பெயரும் இருந்தது, கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தால் தெரியும்.

தொட்டிக்கு மேலே இரும்புக் கம்பி மூடி, அதற்குப் பூட்டு, பூட்டுக்கு அரக்கு முத்திரை. "நம்ம சபையார் மேல எனக்கு முழு நம்பிக்கை இருக்கு. பூட்டும் இருந்துட்டுப் போகட்டுமே" என்றார் பொருளாளர். நிறைவு விழாவில் சிறப்பு விருந்தினர் வந்து முத்திரையை உடைத்து, வெள்ளிக் கரண்டியால் முதல் காசை அள்ளும்வரை தொட்டியை யாரும் தொடக்கூடாது, தண்ணீரை மாற்றக்கூடாது என்று தீர்மானம் போட்டோம். எல்லோரும் கை தூக்கினோம். நான் மட்டும் இரண்டு கையையும் தூக்கினேன். உற்சாகம்தான்.

திட்டம் அமோகமாக நடந்தது. குழந்தைகள் 'ப்ளக்' என்ற சத்தத்துக்காகவே அப்பன் பாக்கெட்டைக் காலி செய்தார்கள். கம்பிகளுக்கு நடுவே காசு போனது, கொசுவும் போனது. சீக்கிரமே தண்ணீரில் சின்னச் சின்னதாக ஏதோ நெளிய ஆரம்பித்தது. "மீன் குஞ்சு" என்றார்கள் பிள்ளைகள். "ஆசீர்வாதம்" என்றார் பொருளாளர். ஞாயிறு வகுப்பில் அவற்றுக்காக ஒரு பாட்டுகூடப் பாடினார்கள்.

தொட்டிக் காசை நம்பிப் பொருளாளர் போட்ட முன்பணத்தில் ஊர்க்கடைகளில் இருந்த கொசுவலை அத்தனையையும் ஒன்று விடாமல் வாங்கி, பெட்டிகளில் கட்டி, முத்திரை குத்தி, கூடத்தின் சுவரோரம் அடுக்கிவிட்டோம். ஒரே ஒரு வலையை மட்டும் மேடையில் ஒரு கட்டிலின் மேல் விரித்துக் கட்டி, உள்ளே ஒரு பெரிய ரப்பர் பொம்மையைப் படுக்க வைத்து, 'கடல்கடந்த குழந்தை' என்று அட்டை மாட்டினோம். அதுதான் 'மாதிரி வலை'. பார்த்தவர்கள் உருகினார்கள்.

ஆனால் கூட்டம் நடத்த முடியவில்லை. கூடத்தில் கொசு பிடுங்கி எடுத்தது. கொசுக்கடியில் தீர்மானம் வாசித்தால் 'ஏகமனதாக' என்ற இடத்தில் யாராவது தன் கன்னத்தில் அறைந்துகொண்டார்கள். கடைசியில் போதகர், பொருளாளர், நான் என்று செயற்குழுவின் மூன்று பேரும் மாதிரி வலைக்குள் புகுந்து, கட்டிலில் சம்மணம் போட்டு, பொம்மையை மடியில் வைத்துக்கொண்டு கூட்டத்தைத் தொடர்ந்தோம்.

அப்போதுதான் எங்கள் சபைக் கோயிலில் மணியடிப்பவரின் மனைவி கைக்குழந்தையோடு வந்து வலைக்கு வெளியே நின்றாள். தொட்டியை ஒட்டிய அறையில்தான் அவர்கள் குடியிருப்பு. குழந்தையின் முகம் முழுக்கத் தடிப்பு. அடுத்த வீட்டுத் தையல்காரர் குளிர் ஜுரத்தில் நடுங்கிக்கொண்டு கிடப்பதாகவும், ரத்தம் பார்த்ததில் மலேரியா என்று சொல்லிவிட்டதாகவும் சொன்னாள். ஒரு வலை வாங்கலாமென்று கடை கடையாக ஏறி இறங்கினாளாம். எல்லாம் கோயிலுக்குப் போயாச்சு என்றார்களாம்.

"அந்தப் பெட்டியில ஒண்ணே ஒண்ணு குடுங்க ஐயா. விலையக் குடுத்துடறேன்."

பொருளாளர் வலைக்குள்ளிருந்து கனிவாகப் பேசினார். "முத்திரை வச்சாச்சும்மா. அதுவுமில்லாம நம்ம நிதிக்குப் பேரே 'கடல்கடந்த' நிதி. உள்ளூர்க் குழந்தைக்குக் குடுத்தா கணக்கு இடிக்கும்."

"அப்ப எம்புள்ளைக்கு பாஸ்போர்ட் எடுத்துட்டு வரட்டுமா ஐயா?"

போதகர் இருமினார். நான் பொம்மையின் சட்டையைச் சரிசெய்தேன்.

"சரி, இந்த வலையையாவது..."

"இது காட்சிக்கு வச்சதும்மா. இதுக்குள்ள யாரும் படுக்கக்கூடாது" என்றார் பொருளாளர்.

அவள் எங்கள் மூவரையும் ஒருமுறை பார்த்தாள். "படுக்கலதான். உக்காந்துதான் இருக்கீங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

எனக்கு இளகிய மனசு. அன்று மாலையே பொருளாளருக்குத் தெரியாமல் ஒரு கொசுவத்திப் பெட்டியை அவள் வாசலில் வைத்துவிட்டு வந்தேன். மறுநாள் குழந்தை இருமுகிறது என்று அதைத் திருப்பிக் கொடுத்து அனுப்பினாள். என் மனைவி அதை வாங்கிவைத்துக்கொண்டு, "உலகத்தையே காப்பாத்தற ஆள், தொட்டிக்குப் பக்கத்துல இருக்கற ஒரு அறையக் காப்பாத்த முடியல" என்றாள். அன்று சாப்பாட்டில் உப்பு இருந்ததா என்று எனக்குத் தெரியாது.

நிறைவு விழா வந்தது. சிறப்பு விருந்தினர், அந்தக் கடல்கடந்த நாட்டிலிருந்தே வந்த ஒரு நர்சம்மா. பெட்டிகளைப் பெற்றுக்கொள்ள வந்திருந்தார். அவர் மொழி போதகருக்கு மட்டும்தான் தெரியும், எனவே மொழிபெயர்ப்பும் அவரே. பொருளாளர் தட்டில் சாவியும் வெள்ளிக் கரண்டியும் ஏந்தி நின்றார்.

நர்சம்மா தொட்டிக்குள் குனிந்து பார்த்தார். வாடகைக்கு வீடு பார்க்க வந்தவர் கூரையில் ஓட்டையைக் கண்ட மாதிரி முகம் மாறியது. சுருக்கமாக ஏதோ சொன்னார்.

"தொட்டி ரொம்ப அழகா இருக்குன்னு சொல்றாங்க" என்றார் போதகர். கைதட்டினோம்.

நர்சம்மா தண்ணீரைச் சுட்டிக்காட்டி, இந்த முறை சத்தமாகச் சொன்னார்.

"உங்க அன்பு இதுல பொங்கி வழியுதுன்னு சொல்றாங்க." மறுபடி கைதட்டினோம். பாதி கைதட்டல் கொசுவுக்கு.

நர்சம்மா எங்களை விட்டுவிட்டுத் தொட்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். அடியில் ஒரு குழாய் இருந்தது. பொருளாளர் கடைத் தொட்டிகளின் 'தனிச்சிறப்பே' சுத்தம் செய்ய வசதியான அந்தக் குழாய்தான், விளம்பரத்திலேயே போட்டிருக்கும். நாங்கள் பூட்டைப் பற்றிப் பேசினோம், சாவியைப் பற்றிப் பேசினோம், கரண்டியைப் பற்றி இரண்டு கூட்டம் பேசினோம். குழாய் எங்கள் நிகழ்ச்சி நிரலில் வரவேயில்லை. அவர் அதைத் திறந்துவிட்டார். தண்ணீரும் 'ஆசீர்வாதமும்' மத்தியான வெயிலில் பளிச்சென்று காய்ந்த முற்றத்தில் ஓடிப் பரவின. முத்திரை அப்படியே இருந்தது. காசும் ஒன்றுகூடக் குறையாமல் மூடிக்குள்ளேயே இருந்தது.

கூட்டத்தின் ஓரத்தில் மணியடிப்பவரின் மனைவி நின்றிருந்தாள். நர்சம்மா நேரே அவளிடம் போய், குழந்தையின் நெற்றியைத் தொட்டுப் பார்த்து, கண் இமையை விலக்கிப் பார்த்து, தலையசைத்தார். ஜுரமில்லை. பிறகு குழந்தையை வாங்கிக்கொண்டு கூடத்துக்குள் போய் மேடையேறி, வலையை விலக்கி, பொம்மையை எடுத்து, பின்னாலேயே வந்த பொருளாளரின் தட்டில் கரண்டிக்குப் பக்கத்தில் வைத்தார். குழந்தையை உள்ளே கிடத்தி, வலையின் ஓரங்களை மெத்தைக்கு அடியில் செருகினார். போதகரைப் பார்த்து ஒரே ஒரு வாக்கியம் சொன்னார்.

போதகர் மொழிபெயர்க்க முன்னால் வந்தார். குழந்தை கொட்டாவி விட்டது. பிரசங்க மேடையில் கல்லைக் கரைக்கிற மனுஷன், அன்றைக்குத் தானே கரைந்ததைப் பார்த்தேன்.

"எங்க ஊர் ரொம்ப ஏழை ஊரு. ஆனா அங்க பொம்மை உள்ளயும் புள்ள வெளியயும் படுக்காது. இதான் அவங்க சொன்னது" என்றார். "மொதல்ல அவங்க சொன்னதும் நான் சொன்ன மாதிரி இல்ல."

யாரும் கைதட்டவில்லை. மணியடிப்பவரின் மனைவி மட்டும் சிரித்தாள்.

அதன்பின் எல்லாம் மங்களமே. ஒரு பெட்டியின் முத்திரையை நானே உடைத்துத் தெரு முழுக்க வலை கொடுத்தோம், மற்றவை கப்பலேறின. தையல்காரர் எழுந்து உட்கார்ந்து, எங்கள் எல்லோருக்கும் அளவு தப்பாமல் சட்டை தைக்கும் நிலைக்கு வந்துவிட்டார். கடல்கடந்த நாட்டிலிருந்து ஒருவர் தன் செலவில் வந்து எங்கள் தெருவில் மலேரியாவைத் தடுத்துவிட்டுப் போனதை ஆண்டறிக்கையில் 'இருதரப்பு ஒத்துழைப்பு' என்று எழுதியிருக்கிறேன்.

இடமிழந்த பொம்மையைத்தான் என்ன செய்வதென்று தெரியவில்லை. அடுத்த கூட்டத்தில் அதற்குச் செயற்குழுவில் ஒரு நாற்காலி ஒதுக்கினோம். ஒழுங்காக வருகிறது, யாரையும் குறுக்கிடுவதில்லை. தொட்டித் தண்ணீரை மாற்றக்கூடாது என்ற தீர்மானத்துக்குக் கை தூக்காத ஒரே உறுப்பினரும் அதுதான்.