எங்கள் வீட்டு அமரர் ஊர்தியின் பிரீமியம் குறித்து

நோர்டால், மினசோட்டா
அக்டோபர் கடைசி, திங்கட்கிழமை

மதிப்பிற்கும் நட்புக்கும் உரிய இன்சூரன்ஸ் ஏஜெண்ட் திரு. வெண்டல் ஸ்ட்ரோம்பெர்க் அவர்களுக்கு,

தானியக் கிடங்கில் வேலை பார்க்கும் ஓரின் ஹாகன் பணிவோடு எழுதிக்கொள்வது. நானும் என் மகள் இங்க்ரிட்டும் சௌக்கியம். தங்கள் முட்டிவலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். ஏரி உறைந்ததும் வழக்கம்போல அதன்மேல் நீங்கள் உங்கள் குடிலிலும் நான் என் குடிலிலும் உட்கார்ந்து, பனிக்கட்டியில் துளை போட்டு, ஒரு வார்த்தை பேசாமல் மீன் பிடிப்போம். அதற்கு முன்னால் பேசித் தீர்க்க வேண்டியது ஒன்று இருப்பதால் இந்தக் கடிதம்.

தங்கள் கம்பெனியின் தலைமை அலுவலகம் அனுப்பிய நோட்டீஸ் வந்து சேர்ந்தது. மூன்று கேள்வி கேட்டிருக்கிறார்கள். எங்கள் வண்டி சவ அடக்கத் தொழிலில் ஓடுகிறதா, இனிமேல் ஓடுமா, போன மாதம் ஒரு வியாழக்கிழமை அதன் பின்னால் முப்பது கார்கள் வரிசையாகப் போனது எதற்காக. பதில் திருப்தியாக இல்லாவிட்டால் பாலிசியை ரத்து செய்துவிடுவார்களாம். ரத்து ஆனால் இங்க்ரிட் வண்டியைத் தொட முடியாது. பள்ளிக்கூட பஸ் காலையில் வந்து கூட்டிப்போகும், சரி. சாயங்காலம் அவள் முதியோர் இல்லத்துச் சமையலறை வேலைக்குப் போய் இருட்டியபின் திரும்பி வர எங்கள் ஜல்லி ரோட்டில் எந்த பஸ் ஓடுகிறது? ஆகவே உள்ளதை உள்ளபடி எழுதுகிறேன். எழுதியதை அப்படியே மேலே அனுப்பிவிடுங்கள்.

முதல் கேள்விக்குப் பதில் சொல்ல ஆரம்பத்திலிருந்து வரவேண்டும். பதினாறு வயதில் அவள் லைசென்ஸ் வாங்கிய அன்று உங்கள் ஆபீசில் நீங்கள் சொன்ன பிரீமியம் தொகையைக் கேட்டு, உட்கார்ந்திருந்த நான் எழுந்து மறுபடி உட்கார்ந்தேன், ஞாபகம் இருக்கும். மாதா மாதம் அவ்வளவு கட்டினால் வீட்டில் அடுப்பு எரிவதற்குப் பதில் வயிறுதான் எரியும் என்று நான் சொல்ல, நீங்கள் தொகை குறைய வழி சொன்னீர்கள். மகளுக்குத் தனி பாலிசி எடுக்காதே, உன் பாலிசியிலேயே சேர் என்றீர்கள், சேர்த்தேன். பள்ளியில் நல்ல மார்க் வாங்கினால் தள்ளுபடி என்றீர்கள், வேதியியலுக்காக அவள் சாப்பாட்டு மேஜையிலேயே தூங்கி வாங்கினாள். வண்டியில் செருக ஒரு கருவி கொடுத்தீர்கள், திடீரென்று பிரேக் போட்டாலும் வேகமாகத் திருப்பினாலும் அது உடனே மேலிடத்துக்குச் சொல்லிவிடும் என்று. அதற்கு எங்கள் வீட்டில் கோள்மூட்டி என்று பெயர். அதற்குக் காது கிடையாது என்று இங்க்ரிட் எத்தனை முறை சொன்னாலும் அந்த வண்டியில் ஏறினால் நான் கம்பெனியைப் பற்றி நல்லவிதமாகத்தான் பேசுகிறேன்.

கடைசியாக, பழைய வண்டியாகப் பார், நம் வண்டிக்கு அடிபட்டால் தரும் இன்சூரன்ஸை விட்டுவிட்டு அடுத்தவருக்கு அடிபட்டால் தருவதை மட்டும் வைத்துக்கொள், வண்டி கனமாக இருக்கட்டும், மெதுவாகப் போகட்டும், கூட்டாளிகள் ஏறிக் கும்மாளம் போட இடமில்லாமல் இருக்கட்டும் என்றீர்கள். இத்தனை லட்சணமும் ஒரே வண்டியில் அமையுமா என்று நான் அலைந்துகொண்டிருந்தபோதுதான் சவ அடக்க நிலையம் நடத்தும் குண்டர்சன் புது வண்டி வாங்கிவிட்டுப் பழைய அமரர் ஊர்தியை விற்பதாகக் கேள்விப்பட்டேன். ஒரே ஆள் ஓட்டியது, ஒரு நாளும் அவசரப்பட்டது கிடையாது, முன்னால் இரண்டு பேர்தான் உட்காரலாம், பின்னால் ஏறுகிறவர்கள் சத்தம் போடுவதில்லை. விலையும் ஒரு கறவை மாட்டின் விலைகூட இல்லை. நீங்களும் ஃபாரத்தில் ‘நீளமான ஸ்டேஷன் வேகன்’ என்று எழுதிக்கொண்டீர்கள், நானும் மறுக்கவில்லை. (மேலே அனுப்பும்போது இந்த ஒரு வரியை மட்டும் விட்டுவிடவும்.)

வண்டியை ஓட்டிக்கொண்டு வந்து வீட்டு முன்னால் நிறுத்தினேனா, மறுநாள் காலையிலேயே சர்ச்சிலிருந்து மூன்று பெண்மணிகள் வந்துவிட்டார்கள். கையில் உருளைக்கிழங்கும் மாட்டுக்கறியும் போட்டு சுட்ட ஹாட்டிஷ், முழுப் பன்றித்தொடை ஹாம் ஒன்று, ஜெல்லி சாலட். இந்த வீட்டில் இருப்பதே இரண்டு பேர், வாசலில் நிற்பது பொண வண்டி, ஆகவே இரண்டில் ஒன்று குறைந்திருக்கும் என்று வந்திருக்கிறார்கள். கதவைத் திறந்தது நானே என்று பார்த்ததும் அவர்கள் பார்வை என்னைத் தாண்டி உள்ளே போனது. பின்னாலேயே இங்க்ரிட் பல் தேய்த்துக்கொண்டு வந்து நின்றாள். “எல்லாரும் நல்லா இருக்கீங்க போலிருக்கே” என்றார் தலைமை தாங்கி வந்தவர், கொஞ்சம் வருத்தமாக. பிரீமியம் விஷயத்தை விளக்கி, பாத்திரங்களைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். “கொண்டுவந்ததைத் திருப்பி எடுத்துட்டுப் போற பழக்கம் எங்களுக்குக் கிடையாது ஓரின். வச்சிக்கோங்க, எப்பவாவது தேவைப்படும்” என்று வைத்துவிட்டுப் போனார்கள். ஒரு வாரம் சாப்பிட்டோம்.

எதிர்வீட்டு எல்மர் நூட்சனுக்கு எண்பத்தேழு வயது, கல்யாணம் செய்துகொள்ளாதவர். அவர் ஜன்னலிலிருந்து பார்த்தால் எங்கள் வாசல்தான் தெரியும். முதல் நாள் சாயங்காலம் வெளியே வந்து, “யாரு சொல்லி வந்தீங்க? நான் இன்னும் ராத்திரி சாப்பாடே சாப்பிடல!” என்று கத்தினார். விஷயம் தெரிந்தபின் அவரைப்போல அந்த வண்டிக்குச் சிநேகிதர் கிடையாது. கண் டாக்டர், கால் டாக்டர் எல்லாவற்றுக்கும் இங்க்ரிட்தான் கூட்டிப்போகிறாள். “இதுல முன் சீட்டுல உட்காந்து போற பாக்கியம் எத்தனை பேருக்குக் கிடைக்கும்?” என்பார். காசு எதுவும் வாங்குவதில்லை என்பதைக் கம்பெனி குறித்துக்கொள்ள வேண்டும்.

இன்னொன்றையும் குறித்துக்கொள்ள வேண்டும். நம் ஊர்ப் பக்கம் அமரர் ஊர்தி வந்தால் எதிரே வருகிறவர்கள் ஓரம்கட்டி நிறுத்துவார்கள், தொப்பியைக் கழற்றுவார்கள். இங்க்ரிட் பாலும் ரொட்டியும் வாங்கப் போனாலும் டிராக்டர்கள் ஒதுங்குகின்றன. முந்துகிறவன் இல்லை, ஒட்டி வருகிறவன் இல்லை, ஹாரன் அடிக்கிறவன் இல்லை. பதினாறு வயதுப் பிள்ளைக்கு இதைவிடப் பத்திரமான வண்டி உங்கள் கம்பெனியின் கணக்கிலேயே இருக்காது.

இப்போது அந்த வியாழக்கிழமைக்கு வருகிறேன். தபால் ஆபீசில் இருந்தாரே ஓஸ்ட்பி அம்மாள், அவருடைய அடக்கம் அன்று. குண்டர்சனின் புது வண்டி சவப்பெட்டியோடு முன்னால் போய் ரயில்பாதையைத் தாண்டிவிட்டது. பின்னால் வந்த கார்கள் தாண்டுவதற்குள் மக்காச்சோள ரயில் குறுக்கே வந்துவிட்டது. அந்த ரயில் எப்போது முடியும் என்று உங்களுக்குத் தெரியும், அதை நிரப்பி அனுப்புகிறவனே நான்தான். அது ஊர்ந்து முடிந்தபோது முன்னால் போன வண்டியைக் காணோம். அந்த நேரம் பார்த்து, பாதைக்கு அந்தப் பக்கம் சந்திலிருந்து இங்க்ரிட் மெயின் ரோட்டுக்குத் திரும்பினாள். மேகமூட்டம் என்று, அடக்க ஊர்வலத்தில் போடுவதுபோலவே விளக்கைப் போட்டிருக்கிறாள். பக்கத்தில் கண் டாக்டரிடம் போய் வந்த எல்மர், கண்ணில் மருந்து விட்டதால் கருப்புக் கண்ணாடி, குளிருக்குக் கருப்புக் கோட்டு. குண்டர்சனே தோற்றுவிடுவார். அத்தனை காரும் அவள் பின்னால் வந்துவிட்டது.

“எல்மர், பின்னாடி எல்லாரும் விளக்கைப் போட்டுக்கிட்டு வர்றாங்க.”

“எல்லாரும்னா?”

“கடைசி கார் எதுன்னே தெரியல.”

எல்மர் திரும்பிப் பார்த்திருக்கிறார். மருந்து விட்ட கண்ணுக்கு என்ன தெரியும்? “எனக்கு ஒரே வெளிச்சமாத்தான் தெரியுது. உட்காந்திருக்கறது பொண வண்டி. பின்னால ஊரே வருதுங்கற. இங்க்ரிட், ஒளிக்காம சொல்லு, நான் இருக்கேனா?”

“இருக்கீங்க எல்மர்.”

“அப்ப சரி, ஓட்டு.”

சிக்னலில் சிவப்பு. அவள் நிற்கத்தான் போனாள். போலீஸ்காரர் குறுக்கே வந்த வண்டிகளை நிறுத்தி, தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டு, போகச் சொல்லிக் கை காட்டினார். போலீஸ் சொன்னால் பிள்ளை என்ன செய்யும்? திடீரென்று நின்றால் முப்பது காரும் ஒன்றன்மேல் ஒன்று ஏறும், கோள்மூட்டி வேறு கேட்டுக்கொண்டிருக்கிறது. வீட்டுக்குத் திருப்பினால் துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லாம் எங்கள் கொல்லையில் வந்து நிற்பார்கள். ஆகவே முன்கூட்டியே இன்டிகேட்டர் போட்டு, ஏரிக்கரை ரோட்டில் பதமாகத் திருப்பி, தேவதாரு மரங்களுக்கு நடுவே இருக்கிற சின்ன கேட் வழியாக அத்தனை பேரையும் கல்லறைத் தோட்டத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தாள். அங்கே சவப்பெட்டியும் பாஸ்டரும் மட்டும் தனியாக நின்றுகொண்டிருந்தார்களாம். ஓஸ்ட்பி அம்மாளின் மகன் இவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதிருக்கிறார். அப்புறம் சர்ச் கீழ்த்தளத்தில் எல்லோருக்கும் காபி. இந்தப் பயணத்தால் வந்த வருமானம் ஹாம் சாண்ட்விச் இரண்டு. அதிலும் ஒன்றை எல்மர் தின்றுவிட்டார். அந்த மகன் நம் ஊர் வாரப் பத்திரிகையில் இங்க்ரிட் பெயர் போட்டு நன்றி அறிவிப்பு கொடுக்க, உங்கள் ஆபீஸ் பெண் அதைக் கத்தரித்து மேலே அனுப்ப, இவ்வளவும் வந்தது. முதல் கேள்விக்கும் மூன்றாம் கேள்விக்கும் இதுவே பதில். இரண்டாம் கேள்விக்குப் பதில் சுருக்கம்: இந்த வண்டி இனிமேல் சவம் ஏற்றி ஒருபோதும் ஓடாது. இது என் வாக்கு.

இத்தோடு முடித்திருக்கலாம். ஆனால் வெண்டல், உங்களுக்கு மட்டும் ஒன்று சொல்லவேண்டும். அன்று ராத்திரி சாப்பிடும்போது நான் சிரித்துக்கொண்டே கேட்டேன்.

“அந்தச் சின்ன கேட் இருக்கறது எனக்கே தெரியாதே. உனக்கு எப்படிம்மா தெரிஞ்சது?”

“வேலைக்குப் போறதுக்கு முன்னாடி அம்மாவைப் பாத்துட்டுத்தான்பா போவேன். அந்த வழிதான் கிட்ட.”

என் ஜோலீன் போய் இரண்டு குளிர்காலம் ஆகிறது. அடக்கத்துக்குப் பிறகு நான் அந்தப் பக்கம் போகவில்லை. ஸ்டியரிங் திரும்பமாட்டேன் என்கிறது. பிள்ளை தினமும் போய்க்கொண்டிருக்கிறாள், எனக்குத் தெரியவில்லை. அப்போதுதான், இத்தனை மாதம் கழித்து, என் மண்டையில் இன்னொன்று உறைத்தது. நம் ஊரில் அமரர் ஊர்தி ஒன்றுதான் இருந்தது. நான் டயரைப் பார்த்தேன், இன்ஜினைப் பார்த்தேன், பிரீமியத்தைப் பார்த்தேன். இதை மட்டும் பார்க்கவில்லை.

“உனக்கு முதல்லயே தெரியுமா?”

“பாத்த உடனே தெரிஞ்சுதுப்பா.”

“ஏன் சொல்லல? அன்னிக்கே திருப்பிக் கொடுத்திருப்பேனே.”

“நீ அவ்ளோ சந்தோஷமா வந்து இறங்கின. ஹாரனெல்லாம் அடிச்சுக்கிட்டு. ரொம்ப நாளாச்சு உன்னை அப்படிப் பாத்து.” தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். “அப்புறம் பழகிப்போச்சு. அம்மா இருந்த வண்டிதானேன்னு இப்ப எனக்குப் பயமே இல்ல.”

நான் எழுந்துபோய்க் குழாயைத் திறந்து, கழுவி வைத்த தட்டையே மறுபடி கழுவினேன். பாலிசி ரத்தானால் என் மகளுக்கு வேலை மட்டும் போகாது, வெண்டல். இதைத் தலைமை அலுவலகம் எந்தக் கட்டத்தில் எழுதிக்கொள்ளும் என்று எனக்குத் தெரியவில்லை. நீங்களே பார்த்து எழுதுங்கள்.

தங்கள் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் அன்பைச் சொல்லவும். வருகிற குளிர்காலத்தில் தங்கள் முட்டி மடங்கவும், தூண்டிலில் பெரிய மீன் சிக்கவும், தங்கள் கம்பெனிக்கு இரக்க குணம் பெருகவும் ஆண்டவரை வேண்டிக்கொள்ளும்,

தங்கள் உண்மையுள்ள,
ஓரின் ஹாகன்

பி.கு.: கவரை ஒட்டப் போகும்போது எல்மர் வந்தார். யாருக்கு எழுதுகிறேன் என்று கேட்டார், சொன்னேன். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். “குண்டர்சன்கிட்ட என் காரியத்தையெல்லாம் பேசி முடிச்சிட்டேன் ஓரின். ஆனா அவரோட புது வண்டில நான் ஏறமாட்டேன். அதுல எனக்கு யாரையும் தெரியாது. இங்க்ரிட் ஓட்டட்டும்” என்றார். கம்பெனிக்கு இப்போதுதான் வாக்குக் கொடுத்தேன் என்றேன். “எனக்கு யாரு இருக்கா, நன்றின்னு பேப்பர்ல போட? கம்பெனிக்கு எப்படித் தெரியும்?” என்றார். பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த இங்க்ரிட் திரும்பாமலேயே, “நான் ஓட்டறேன் எல்மர், நீங்க அவசரப்படாதீங்க” என்று சொல்லிவிட்டாள். அவளே சொன்ன பிறகு நான் மறுக்கமாட்டேன். அதற்காக மறைத்து எழுதவும் எனக்கு வராது. ஆகவே இரண்டாம் கேள்விக்கு ‘ஒருபோதும் ஓடாது’ என்று எழுதியதை அடித்துவிட்டு, ‘ஒரே ஒரு தடவை’ என்று போட்டுக்கொள்ளவும். தேதி இன்னும் முடிவாகவில்லை.