பக்கவாட்டுக் கதவைப் பற்றி முப்பத்து நான்கு பக்கங்கள்

விஸ்கான்சின்,
மார்ச் 9, வியாழன்

பேரன்புக்கும் பெருமதிப்புக்கும் உரிய காசிமிர் மாமாவுக்கு,

எட்டு வருடங்களாகக் கட்டடக்கலையில் டாக்டர் பட்டம் வாங்கிக்கொண்டே இருக்கும் உங்கள் மருமகன் லியோன் வணங்கி எழுதிக்கொண்டது. இங்கே நான் உயிரோடு இருக்கிறேன். அங்கே நீங்கள் நலமா என்று கேட்கிற யோக்கியதை செவ்வாய்க்கிழமை மத்தியானத்தோடு எனக்குப் போய்விட்டது. ஹாலினா அத்தை என் போனை எடுப்பதில்லை. எடுக்கவும் வேண்டாம்.

ஜனவரியில் நீங்கள் என்னிடம் கேட்டது ஒரே ஒரு பக்கம். உங்கள் மதுக்கடையும் அதற்கு மேலே நீங்கள் குடியிருக்கும் வீடும் இருக்கிற கட்டடத்தை ஒரு கம்பெனி வாங்கிவிட்டது, இடித்துவிட்டுக் கார் நிறுத்த இடம் செய்யப்போகிறது, பழைய கட்டடங்களைக் காக்கிற குழு விசாரித்து முடிவு சொல்லும். “விஷயம் தெரிஞ்சவன் ஒருத்தன் இது நல்ல கட்டடம்னு எழுதிக் குடுத்தா போதும்டா. நம்ம வீட்லயே ஒருத்தன் இதத்தானே படிச்சிட்டிருக்கான். ஆர்க்கிடெக்ட்னு கீழ கையெழுத்துப் போட்டுடு” என்றீர்கள். அங்கேயே உங்களை நிறுத்தினேன். மாமா, நான் ஆர்க்கிடெக்ட் இல்லை. லைசென்ஸ் வேறு, டாக்டர் பட்டம் வேறு. அந்தப் பெயரைச் சொல்லிக்கொண்டு நான் ஒரு நாய்க்கூண்டு வரைந்தால்கூட மாட்டிக்கொள்வேன் என்றேன். “அப்ப எட்டு வருஷமா என்னத்தடா புடுங்கினே?” என்று கேட்டீர்கள். அன்றைக்கு எனக்குக் கோபம் வந்தது. இப்போது நானும் அதையேதான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

சரி, வெறும் லியோனாகவே எழுதித் தருகிறேன் என்று அன்றைக்கே உட்கார்ந்து எழுதினேன். நல்ல பக்கம், மாமா. நூறு வருடத்துக்கு முன்னால் ஆண்கள் குடிக்கிற முன்கூடத்தில் கால் வைக்க விரும்பாத பெண்கள் பக்கவாட்டுக் கதவு வழியாகப் பின்னறைக்குப் போய் மரியாதையாக உட்கார்ந்து சாப்பிட்டார்கள், அந்தக் கதவு இந்த ஊரில் உங்கள் கடையில்தான் அப்படியே மிச்சமிருக்கிறது, வெள்ளிக்கிழமை அத்தை மீன் வறுத்தால் இன்றைக்கும் பாதித் தெரு அந்த வழியாகத்தான் உள்ளே வருகிறது, இது முக்கியமான கட்டடம், இடிக்காதீர்கள். அவ்வளவுதான். ஆனால் உங்கள் கடைதான் என் ஆய்வில் நாலாவது அத்தியாயம். அதைப் பற்றி நான் ஒரு வரி எழுதினாலும் என் வழிகாட்டி, பேராசிரியர் பிராண்ட்வோல்டு, பார்த்தாக வேண்டும். பார்த்தார். “முக்கியமான கட்டடம்னு எழுதியிருக்கீங்க. யாருக்கு முக்கியம்? எந்த அளவுகோல்ல? நிரூபிக்க முடியாத வார்த்தை, எடுத்துடுங்க” என்றார். எடுத்தேன். இரண்டாவது தேர்வாளர் டாக்டர் விட்டேக்கர் அம்மா, “கதவுன்னா என்னன்னு நீங்க இன்னும் சொல்லவே இல்லையே!” என்றார். சொன்னேன், பதினோரு பக்கம். மூன்றாமவர் விடுப்பில் போர்ச்சுகல் போயிருக்கிறார், மூன்று வாரம் கழித்து “சுவாரசியம்” என்று ஒரே ஒரு சொல் அனுப்பினார். அது பாராட்டா திட்டா என்று மற்ற இருவரும் ஒரு வாரம் சண்டை போட்டார்கள். கடைசியில் முப்பத்து நான்கு பக்கம், அறுபத்தொரு அடிக்குறிப்பு. அதைத் தூக்கிக்கொண்டு பெருமையாக வேறு வந்தேன்.

அப்புறம் செவ்வாய்க்கிழமை விசாரணையில் நடந்ததுதான் உங்களுக்கே தெரியுமே. குழுத் தலைவி அம்மாள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு என் முதல் வரியைச் சத்தமாகப் படித்தார்: “இக்கட்டடம் முக்கியத்துவம் வாய்ந்தது என அறுதியிட்டுக் கூற இயலாது.” அடுத்த வரி ‘ஆயினும்’ என்று ஆரம்பிக்குது மாமா! அந்த ஆயினும்லேர்ந்து முப்பத்திமூணு பக்கமும் உங்க கட்சிதான்! யார் புரட்டினா? எங்க தொழில்ல எதையும் முதல்ல இல்லைன்னுட்டுதான் ஆமாங்கணும், நேரடியா சொன்னா பையனுக்குப் படிப்பு பத்தலைம்பாங்க. கம்பெனி வக்கீல் எழுந்து, “எங்க தரப்புக்கு வேற சாட்சி வேண்டாங்க” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். இடிக்கலாம் என்று ஐந்துக்குப் பூஜ்யம் ஓட்டு. மாதா கோயிலுக்குப் போடுகிற கோட்டில் வந்திருந்த நீங்கள் என் பக்கம் குனிந்து, “லியோன், அது நீ எழுதினதாடா?” என்றீர்கள். ஆமா, ஆனா என்று நான் ஆரம்பிப்பதற்குள் தொப்பியை எடுத்துக்கொண்டு போய்விட்டீர்கள்.

போதும் மாமா. நேற்றே படிப்பை விடுகிறேன் என்று பிராண்ட்வோல்டுக்கு எழுதிப்போட்டுவிட்டேன். சனிக்கிழமை காலையில் லாரியோடு வருகிறேன். நீங்கள் தூக்கச் சொல்வதைத் தூக்குகிறேன். அத்தை வாணலியால் அடித்தால் வாங்கிக்கொள்கிறேன்.

ஆண்டவர் உங்களையும் அத்தையையும் காப்பாராக. காப்பதற்கு முன் யாரிடமும் ஒப்புதல் கேட்காமல் இருப்பாராக.

வெட்கத்துடன்,
லியோன்

பி.கு.: தபால்தலை ஒட்டும்போது பிராண்ட்வோல்டு கூப்பிட்டார். என் கடிதத்தை ஏற்கவில்லையாம். “கட்டடம் நிக்கும்னு இருந்த வரைக்கும் உங்க ஆய்வுல ஏதோ ஒண்ணு குறைஞ்சுது லியோன், இப்பதான் முழுசா வந்திருக்கு” என்றார். குடியிருந்தவர்கள் வாயாலேயே அந்த இழப்பை எழுதினால் மே மாதம் பட்டமாம். எட்டு வருடத்தில் முதல் தடவையாக மூன்று பேரும் ஒத்துக்கொண்டிருக்கிறார்கள், மாமா. அதனால் சனிக்கிழமை லாரி வராது, நான் மட்டும் ஒலிப்பதிவுக் கருவியோடு வருகிறேன். சம்மதப் படிவம் இரண்டு இணைத்திருக்கிறேன், அத்தையையும் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். உங்கள் பெயர் எங்கேயும் வராது, விதி அப்படி. நீங்கள் ‘பங்கேற்பாளர் ஏழு’. அத்தை எட்டு.